புகார் எழுதும் முன் காலண்டரைப் பாருங்கள்

[காட்சி: மேசை மேல் ஒரு காலண்டர். மூன்று மாதங்கள் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டுள்ளன.]

"ஹெச்.ஆர்.கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே!" வேலையிடத்துப் பாலியல் தொல்லைப் புகார்கள் பல இந்த நம்பிக்கையில்தான் காலாவதியாகின்றன. வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாயால் சொன்னது புகார் ஆகாது. எழுத்தில் தர வேண்டும்; அதுவும் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள். தொல்லை தொடர்ந்து நடந்திருந்தால், கடைசிச் சம்பவத்தின் தேதியிலிருந்து எண்ணுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் குழு மேலும் மூன்று மாதம் வரை தரலாம். அந்தக் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். எழுத முடியாத நிலையில் இருப்பவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை.

தொட்டால்தான் தொல்லை என்றில்லை. விரும்பாத பாலியல் பேச்சு, ஆபாசப் படம், "ஒத்துக்கிட்டா புரமோஷன்" என்ற ஜாடை எல்லாம் சேரும். கம்பெனி கேப்பில் நடந்தாலும் அது வேலையிடம்தான். ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சிக்கு வந்தவர், வீட்டு வேலை செய்பவர் என எந்தப் பெண்ணும் புகார் தரலாம்.

[காட்சி: இரண்டு கதவுகள்.]

எந்தக் கதவைத் தட்டுவது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர்; பாதிப் பேராவது பெண்கள்; ஒருவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். இந்த வெளி உறுப்பினர் இல்லாமலே நடக்கும் குழுக்கள் உண்டு. அப்படி இருந்தால் ஆட்சேபத்தை எழுத்தில் பதியுங்கள். திருப்பூரில் ஆறு பேர் தைக்கும் சிறு யூனிட் என்றால்? அல்லது புகாரே முதலாளி மீது என்றால்? மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழுவுக்குப் போக வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

[காட்சி: ஒரு வெள்ளைத்தாள், பேனா.]

"அவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார்" என்ற ஒற்றை வரியை வைத்துக் குழு எதையும் விசாரிக்க முடியாது. என்ன தேதி, எத்தனை மணி, எந்த அறை, யார் பக்கத்தில் இருந்தார்கள்? அவர் சொன்ன வார்த்தை கூச்சமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். சாட்சிகளின் பெயரும் முகவரியும் சேருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தபின் அழித்துவிடாதீர்கள். மூலம் போனில் இருக்கட்டும். அலுவலக மெயிலில் மட்டும் உள்ள ஆதாரம், வேலையை விட்ட அன்றே கை நழுவிவிடும். விதிப்படி ஆறு நகல் தர வேண்டும். ஏழாவது ஒன்றும் எடுத்துப் போய், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ஏழு வேலை நாளில் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். பதில் தர பத்து வேலை நாள். விசாரணைக்கு 90 நாள், அறிக்கைக்கு 10, நிர்வாகம் செயல்பட 60.

இந்த இடைவெளியில் அதே மேலாளரின் கீழ் உட்கார வேண்டியதில்லை. இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். உங்கள் சொந்த விடுப்பில் அது கழியாது. அவர் உங்கள் வேலையை மதிப்பிடக் கூடாது என்றும் கேட்கலாம். எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும்.

"பேசித் தீர்த்துக்கலாமே" என்று யாராவது வந்தால் கவனம். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே. பணத்தை வைத்துச் சமரசம் கூடாது. நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகிவிடும் என்ற மிரட்டலும் தவறு. சட்டமே அதை மறுக்கிறது.

குழுவின் முன் வக்கீல் வைத்து வாதாட முடியாது. ஆனால் புகாரை எழுதும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுவதற்குத் தடையில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு, எண் 15100. குற்ற வழக்கு வேண்டும் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் காவல் நிலையத்தில் புகார் தரலாம். அதற்காகக் குழுவின் முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.