அச்சாணியைத் தேடிய குண்டுகள்

(ரயில்வே ஓய்வூதியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, பொன்னாடை போர்த்திய சங்கச் செயலாளர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்களே, டிரைவர்களே, கார்டுகளே, ஒலிபெருக்கித் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். எல்லாரையும் பெயர் சொல்லி விளித்தால் விளிப்பதற்குள் இரவுச் சாப்பாடு ஆறிவிடும். ஒரு கூட்டத்தாரை மட்டும் தனியாக அழைக்கிறேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற, தண்டவாளத்தைப் பராமரித்த கேங்மேன் ஐயாமார்களே, கீமேன்களே, மேஸ்திரிகளே! முன்வரிசையில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. முன்னால் வாருங்கள். இன்றைக்குப் பேச்சே உங்களைப் பற்றியதுதான்.

"இரண்டாம் உலகப்போரில் ரயில் யார்டுகள் மீது குண்டுவீச்சு" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது (யார்டு என்றால் வண்டிகளைப் பிரித்துக் கோக்கிற லைன் கூட்டம்). அதற்கும் கேங்மேனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம் பாட்டிமார் சொல்லிவிட்டார்கள்: அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. எதிரியின் தேருக்கு அச்சாணி எங்கே இருக்கிறது என்று தேடிப் போனவர்களின் கதைதான் இது. நான்கு செய்திகள் சொல்கிறேன். ஒன்று விமானம். இரண்டு யார்டு. மூன்று பழுது பார்த்தது. நான்கு, யார்டை அடிப்பதா பாலத்தை அடிப்பதா என்று தளபதிகள் போட்ட சண்டை.

1944-ஆம் ஆண்டின் வசந்த காலம். பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படை இறங்கப் போகிறது. இறங்கிய மறுநாளே ஜெர்மானியர் ரயிலில் டாங்கிகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது? ரயில் யார்டுகளையும், இன்ஜின்களைப் பராமரிக்கிற லோகோ ஷெட்டுகளையும் முன்கூட்டியே உடையுங்கள் என்று திட்டம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் சாலி சக்கர்மேன். அவர் தளபதி அல்ல, குரங்குகளின் வாழ்க்கையை ஆராய்ந்த விலங்கியல் அறிஞர்! சிசிலியிலும் இத்தாலியிலும் ரயில் பாதைகள் குண்டுவீச்சில் என்ன ஆயின என்று கணக்குப் பார்த்தவர். எண்ணெய் ஆலைகளைத்தான் அடிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தளபதி ஸ்பாட்ஸ் வாதாடினார். மார்ச் 25-ஆம் தேதி நடந்த கூட்டத்தில் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ரயில் பக்கம் சாய்ந்தார்.

கனரக விமானங்கள் பெரிய யார்டுகளை அடித்தன. நான் எடுத்துக்கொண்டது சின்ன விமானங்களை. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் வெதர்ஸ்ஃபீல்டு என்ற தளத்தில் அமெரிக்காவின் 416-ஆவது இலகு ரகக் குண்டுவீச்சுப் பிரிவு இருந்தது. 668 முதல் 671 வரை நான்கு அணிகள். விமானம் டக்ளஸ் ஏ-20 ஹாவொக். இரட்டை இன்ஜின், ஒவ்வொன்றும் 1,600 குதிரைத்திறன். ஏ-20ஜி வகையில் ஆட்கள் மூன்றே பேர்: ஒரு விமானி, பின்னால் இரண்டு துப்பாக்கிக்காரர். உடல் அவ்வளவு ஒடுக்கம். விமானிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடமில்லை. விமானிக்கு அடிபட்டால் கைமாற்ற ஆளில்லை. ஒற்றை டிரைவர் வைத்து வண்டி ஓட்டச் சொன்னால் நம் ரன்னிங் ஸ்டாஃப் சும்மா விடுவார்களா?

இந்த ஜி வகைக்கு மூக்கு மூடியிருக்கும். அதற்குள் ஆறு துப்பாக்கிகள், ஆனால் குறிபார்க்கிற ஆள் கிடையாது. ஆகவே கண்ணாடி மூக்கு வைத்த ஏ-20ஜே ஒன்று முன்னால் போகும். அதில் நார்டன் என்ற குறிபார்க்கும் கருவியோடு ஒருவர் இருப்பார். ஆறு விமானம் ஓர் அணிவரிசை. மூன்று வரிசை சேர்ந்து பதினெட்டு விமானம் ஒரு பெட்டி. பெரும்பாலும் இரண்டு பெட்டிகள் கிளம்பும். தலைவன் விமானத்திலிருந்து குண்டு கழன்றதைப் பார்த்ததும் மற்ற ஐவரும் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் குறி. விமானத்துக்கு 500 பவுண்டு குண்டு நான்கு. பெட்டிக்கு 72, இரண்டு பெட்டிக்கு 144. தலைவனின் குறி தப்பினால் ஆறு பேரின் 24 குண்டும் ஒன்றாகத் தப்பும்.

இனி கணக்கு. பள்ளிப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், குறித்துக்கொள்ளட்டும். உயரம் ஏறக்குறைய 12,000 அடி, அதாவது 3,650 மீட்டர். குண்டு தரையைத் தொட 27, 28 வினாடி ஆகும். விமானம் வினாடிக்குச் சுமார் 100 மீட்டர் போகிறது. ஆகவே இலக்குக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் முன்பாகவே குண்டைக் கழற்றிவிட வேண்டும். ஒரு வினாடி தாமதித்தால் 100 மீட்டர் தள்ளி விழும். யார்டு எப்படி இருக்கும்? நீளம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். அகலம் 200, 300 மீட்டர். கிடக்கிற பாம்பு மாதிரி. நீளவாக்கில் பறந்தால் முன்பின் தவறுகள் யார்டுக்குள்ளேயே விழும், ஆனால் பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலும் அத்தனையும் ஊருக்குள். குறுக்கே பறந்தால் பாதிக் குண்டு முன்னால் வயலில், பாதி பின்னால் வீட்டில். சாய்வாக வருவதற்கும் பீரங்கிகள் எங்கே இருக்கின்றன, சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பெட்டி அடித்ததும் எழும் புகையும் புழுதியும் அடுத்த பெட்டியின் குறியை மறைத்துவிடும்.

கீழே ஜெர்மானியரின் 88 மில்லிமீட்டர் பீரங்கி. அதன் குண்டு அந்த உயரத்துக்கு வர ஆறு முதல் பத்து வினாடி பிடிக்கும். அதனால் விமானங்கள் பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒருமுறை திசையையும் உயரத்தையும் மாற்றிக்கொண்டே வரும். ஆனால் குறிபார்க்கத் தொடங்கியதும் நேராகப் பறந்தே ஆகவேண்டும். உயரமும் மாறக் கூடாது, வேகமும் மாறக் கூடாது. அந்த நேரம்தான் பீரங்கிக்காரனுக்குத் திருவிழா. ரேடாரைக் குழப்ப வெள்ளித்தாள் கீற்றுகளைத் தூவுவார்கள். நெருக்கமாகப் பறந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் விழும், ஆனால் ஒரு பீரங்கி வெடிப்பில் இரண்டு விமானம் போகும். விலகிப் பறந்தால் உயிர் தப்பலாம், குண்டுகள்தான் சிதறும்.

மே 27-ஆம் தேதி இந்தப் பிரிவு பிரான்ஸின் ஆமியான் யார்டுக்குப் போனது. சோம் ஆற்றங்கரை ஊர். பக்கத்திலேயே லோங்கோ. தெற்கே பாரிஸ், வடக்கே அராஸ் வழியாக லில், மேற்கே அபவில் வழியாகக் கடற்கரை, தென்மேற்கே ருவான், கிழக்கே தெர்ஞியே, லாவோன் என எல்லா லைனும் அங்கே வந்து முடிச்சுப் போடுகின்றன. அந்த முடிச்சைக் காக்கப் பீரங்கிகளும் அடுக்கியிருந்தன.

குண்டு எப்போது வெடிக்க வேண்டும் என்பதும் ஒரு கணக்குதான். தொட்டவுடன் வெடித்தால் வேகன் சிதறும், தண்டவாளத்துக்குச் சேதம் குறைவு. பத்தில் ஒரு பங்கு, நூற்றில் ஒரு பங்கு வினாடி தாமதம் வைத்தால் மண்ணுக்குள் புகுந்து வெடித்து எட்டுப் பத்து மீட்டர் அகலத்துக்குக் குழி பறிக்கும். தண்டவாளம் முறுக்கு மாதிரி சுருளும்.

யார்டுக்கு வருகிறேன். இங்கே இருக்கிற உங்களுக்கு யார்டைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. இருந்தாலும் தாளாளர் அவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் கிடக்கிற நேர் லைன்கள் உடைந்தால் பெரிய நஷ்டமில்லை. இருபது லைனும் சேர்ந்து ஒன்றாகிற கழுத்து இருக்கிறதே, வண்டியை லைன் மாற்றிவிடுகிற பாயிண்டும், லைனும் லைனும் வெட்டிக்கொள்கிற கிராசிங்கும் குவிந்த இடம், அங்கேதான் உயிர். அடுத்தது லோகோ ஷெட். அது நீராவி இன்ஜின் காலம். நிலக்கரி ஏற்ற வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும், பாய்லர் கழுவ வேண்டும். வட்டமான ஷெட்டில் நடுவே இன்ஜினைத் திருப்பிவிடுகிற டர்ன்டேபிள். அதன் இரும்புப் பாலம் வளைந்தால் போதும், உள்ளே நிற்கிற இன்ஜின் நல்ல நிலையில் இருந்தாலும் வெளியே வர வழி கிடையாது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

மூன்றாவது செய்தி, பழுது. இதற்காகத்தான் நான் வந்தேன். குழியில் கிடைத்த மண்ணைத் தள்ளி மூடினால் முதல் இன்ஜின் போனதும் லைன் உட்கார்ந்துவிடும். தண்ணீரை இறைக்க வேண்டும். உடைந்த கல்லும் செங்கல்லும் சாம்பலும் அடுக்கடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும். மேலே ஜல்லி, அதன் மேல் குறுக்குக் கட்டை, தண்டவாளம், இரண்டு தண்டவாளத்தை இணைக்கிற ஃபிஷ் பிளேட். பீட்டர் என்ற கருவியால் ஜல்லியை இடித்துச் செருகிப் பேக்கிங், லெவல், அலைன்மென்ட். முதல் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் போகும். பக்கத்தில் வெடிக்காத குண்டு புதைந்து கிடந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் விலக வேண்டியதுதான். இத்தனைக்கும், தேர்ந்த கேங் ஒன்று இருந்தால் யார்டு வழியே ஊடாகப் போகிற ஒரு லைனை ஓரிரு நாளில் திறந்துவிடும். பாயிண்ட் அப்படியல்ல. அளவெடுத்துச் செய்த சாமான். ஸ்டோரில் இருந்தால் உண்டு. ஆகவே அடித்த யார்டையே திரும்பத் திரும்ப அடித்தார்கள். கடற்கரைக் கோட்டை கட்டிக்கொண்டிருந்த டோட் என்ற ஜெர்மன் கட்டுமான அமைப்பின் ஆயிரக்கணக்கான தொழிலாளரை ஜெர்மானியர் கொண்டுவந்து லைனில் நிறுத்தினார்கள். கோட்டை பாதியில் நின்றது! ஜூன் 6-ஆம் தேதி படை இறங்கும்போது வட பிரான்ஸின் ரயில் போக்குவரத்து பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

ஆள் இல்லாமல் இல்லை, ஐயா. பிரெஞ்சு ரயில்வேத் தொழிலாளி இருந்தான். அவன் கை ஓடவில்லை, ஓட விடவில்லை. இங்கே ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

தென் பிரான்ஸில் மொந்தோபான் ஊரைச் சுற்றி 'தாஸ் ரைஷ்' என்ற ஜெர்மன் டாங்கிப் பிரிவு தங்கியிருந்தது. பாந்தர் டாங்கி ஒன்று 45 டன். சாலையில் ஓட்டினால் சங்கிலி தேயும், இன்ஜின் வேகும், எண்ணெய் குடிக்கும். ரயிலில் ஏற்றுவதுதான் முறை. அதற்கான தட்டை வேகன்களை ஊருக்கு ஊர் சைடிங் என்ற பக்க லைனில் ஒளித்து வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் ரகசிய அமைப்பின் ஆள் டோனி புரூக்ஸ், இருபத்திரண்டு வயதுப் பையன், அங்கே ரயில்வே ஆட்களை வைத்து ஒரு குழு நடத்திவந்தான். இன்ஜினை வெடிக்கவில்லை. டாங்கியைத் தொடவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? இரவில் போய், சக்கர அச்சின் முனையை மூடியிருக்கிற ஆக்சில் பாக்ஸைத் திறந்தார்கள். எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள். உப்புத்தாளில் இருக்கிற மாதிரி அராவுகிற பொடி கலந்த கிரீஸை உள்ளே அப்பினார்கள். மூடியை மூடினார்கள். சைக்கிளில் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பள்ளிக்கூட வயதுச் சகோதரிகள் இருவரும் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் வேகன் புத்தம் புதிது மாதிரி நிற்கும். வேகன்களைப் பராமரிக்கிற காரேஜ் பகுதியில் வேலை பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஆக்சில் முனை வெள்ளை உலோகத் தாங்கிக்குள் சுழல்கிறது. நடுவில் மயிரிழை கனத்துக்கு எண்ணெய்ப் படலம். அது போனால் சூடு. ஏறத்தாழ 240 டிகிரியில் வெள்ளை உலோகம் உருகும். அப்புறம் இரும்போடு இரும்பு. ஹாட் ஆக்சில்! புகை வந்தால் கேட்மேன் சிவப்புக் கொடி காட்டுவான், அந்த ஆக்சில்! கரையில் படை இறங்கிய செய்தி வந்தது, டாங்கிகளை ஏற்றப் போனார்கள், வேகன்கள் ஒவ்வொன்றாக இறுகி நின்றன. விமானமும் இல்லை, 500 பவுண்டும் இல்லை, ஒரு கை கிரீஸ். அச்சாணி இல்லாத தேர்... (கூட்டம்: "முச்சாணும் ஓடாது!") நீங்களே சொல்லிவிட்டீர்கள், வாழ்க.

டாங்கிகள் சாலையில் கிளம்பின. சில நாளில் சேர வேண்டிய பிரிவு நார்மண்டி போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. வழியில் தூல் ஊரில் 99 பேரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். மறுநாள், ஜூன் 10, ஒராதூர் கிராமத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட 640-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். கைதட்டிய கையோடு இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

யார்டுப் பக்கத்து வீடுகளிலும் சாவு விழுந்தது. ரயில்வேக் குடியிருப்பு எங்கே கட்டுவார்கள்? யார்டை ஒட்டித்தான். ஏப்ரல் 18 இரவு கனரக விமானங்கள் பாரிஸ் அருகே நுவாசி-ல-செக் யார்டை அடித்தபோது 450-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். சர்ச்சிலே இந்தத் திட்டத்தை நினைத்துக் கலங்கினார். பிரெஞ்சுச் சாவு 10,000-ஐத் தாண்டக் கூடாது என்று பேச்சு நடந்தது. பகலில் பறந்த சின்ன விமானங்களின் குறி அதைவிட மேல் என்று நான் நினைக்கிறேன், ஆனாலும் கீழே இருந்தவனுக்கு அது ஆறுதல் ஆகாது.

நான்காவது, பாலமா யார்டா. மே 7-ஆம் தேதி சேன் ஆற்றின் வெர்னோன் பாலத்தைச் சின்னஞ்சிறு சண்டை விமானங்கள் சில போய் உடைத்ததும், பாலத்தை அடிப்பது கடினம் என்ற வாதமே தலைகீழானது. அதற்கு நேரமில்லை, செயலாளர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார்.

நான் கேட்பது இதுதான். ஒரு நாட்டையே முடக்க நினைத்தவன் தேடியது பாயிண்டையும் டர்ன்டேபிளையும் ஆக்சிலையும். காக்க நினைத்தவன் தேடியது பீட்டர் பிடிக்கிற கையை. அந்தக் கையை நாம் எங்கே உட்கார வைத்திருக்கிறோம்? தூணுக்குப் பின்னால்! கேங்மேன் என்பதை டிராக்மேன் என்று மாற்றினோம், பிறகு டிராக் மெயின்டெய்னர் என்றோம். பெயரில் மட்டும் பதவி உயர்வு. காலி இடத்தை நிரப்புங்கள். கேங் லைனில் வேலை செய்யும்போது எச்சரிக்கை கொடுக்க மட்டுமே ஓர் ஆள் நிற்கட்டும், அவன் கையில் மண்வெட்டி கொடுக்காதீர்கள். வண்டி வருவதைச் சொல்கிற கருவி ஒவ்வொரு கேங்குக்கும் கிடைக்கட்டும். மழைக்கு ஒதுங்க ஒரு குடிசை, குடிக்கத் தண்ணீர். வெதர்ஸ்ஃபீல்டில் விமானத்துக்கு மூன்று பேர் என்றால், அதைக் கீழேயிருந்து பறக்க வைத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. இங்கேயும் அதே வழக்கம்தான்.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பெயர், முன்பு பார்த்த பதவி, கையெழுத்து, மூன்றும் போதும். பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறது, தயவுசெய்து எடுத்துப் போய்விட வேண்டாம். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாவது இடத்தை மேஸ்திரி ஐயாவுக்காக விட்டு வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.