தெப்பக்குளத்தில் 300 மீட்டர் கப்பல்: நீளம் பத்தாத மேடையில் எப்படிக் கட்டி நிறுத்துவது?

[காட்சி: வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், தென்கரை. காலை வெயில். நடுவில் மைய மண்டபம்.]

வணக்கம். மதுரை தெப்பக்குளத்தின் தென்கரையில் நின்று பேசுகிறேன். இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரம் பக்கமோ பஸ் ஏற வேண்டும். கப்பல் பற்றிய வீடியோவை இங்கே எடுக்க ஒரு காரணம் இருக்கிறது. திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய இந்தக் குளத்தின் ஒரு பக்கம் சுமார் 1000 அடி, அதாவது ஏறக்குறைய 300 மீட்டர். 5,000 பெட்டி ஏற்றும் ஒரு கண்டெய்னர் கப்பலின் நீளமும் கிட்டத்தட்ட அதேதான். இந்தக் கோடியில் முகப்பு இருந்தால் அந்தக் கோடியில் பின்புறம் முட்டும்.

இன்னொரு காரணம், தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் ஏறிவரும் தெப்பத்தைக் கரையில் நின்று வடம் பிடித்து இழுப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். மிதக்கும் ஒரு பெரிய பொருளைக் கயிற்றால் ஆள்வது நமக்குப் புதிது இல்லை. நானும் சின்ன வயதில் அந்த வடத்தில் கை வைத்திருக்கிறேன். பிறகு பல வருடம் கப்பல்களில் மாலுமியாக வேலை பார்த்தேன்.

சரி, இப்போது ஒரு கற்பனை. இந்தத் தென்கரையில் நடுவே 240 மீட்டருக்கு மட்டும் கான்கிரீட் மேடை போட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் அதை பெர்த் என்பார்கள். ஓரத்தில் வரிசையாகக் குட்டையான இரும்புத் தூண்கள், அவைதான் போலார்டு. மேடைக்கு இரண்டு பக்கமும் வெறும் கரை. அங்கே 300 மீட்டர் கப்பலைக் கட்ட வேண்டும். முன்னால் 30 மீட்டர், பின்னால் 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இது நடக்காத கதை இல்லை. 1956-ல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு கிளம்பியதைத்தான் கண்டெய்னர் போக்குவரத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று 400 மீட்டர் நீளத்தில் 24,000 பெட்டி ஏற்றும் கப்பல்கள் ஓடுகின்றன. கப்பல் வளர்ந்த வேகத்துக்கு மேடை வளரவில்லை.

[திரையில்: மேலிருந்து பார்த்த கோட்டுப்படம். கப்பல், மேடை, கயிறுகள்.]

முதலில் எந்தக் கயிறு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். முகப்பிலிருந்து முன்பக்கமாகப் போவது ஹெட்லைன். பின்புறத்திலிருந்து பின்பக்கமாகப் போவது ஸ்டெர்ன்லைன். கப்பலுக்குக் குறுக்காக, நேராகக் கரைக்கு வருவது பிரெஸ்ட்லைன். கப்பலின் நடுப்பக்கம் நோக்கிச் சாய்ந்து ஓடுவது ஸ்பிரிங். கப்பல் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பதில் பெரும் பங்கு ஸ்பிரிங்குக்கு. கரையை விட்டு விலகாமல் பிடிப்பது பிரெஸ்ட்லைன்.

மேடை குட்டையாக இருந்தால் இதில் எது கெடும்? கப்பல் முன்னே பின்னே ஓடிவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது இல்லை. முகப்பு வெளியே நீட்டியிருப்பதால் அங்கிருந்து கிளம்பும் கயிறு எல்லாமே பின்னோக்கி, மேடையின் கடைசி போலார்டுக்கு வருகிறது. பின்புறக் கயிறுகள் முன்னோக்கி வருகின்றன. பெயர்தான் ஹெட்லைன், பிரெஸ்ட்லைன். செய்வதெல்லாம் ஸ்பிரிங் வேலை. அதனால் முன்பின் பிடிமானம் தாராளமாகவே இருக்கிறது. கைவிட்டுப் போவது குறுக்குப் பிடிமானம், அதுவும் அது அதிகம் தேவைப்படும் இரண்டு முனைகளில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எனக்கு இந்த இடம்தான் ரொம்ப முக்கியம், அதனால் மெதுவாகப் போகிறேன்.

பெட்டி அடுக்கிய அந்தக் கப்பலின் பக்கவாட்டுச் சுவர் சுமார் 8,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று கரையிலிருந்து கடல் பக்கமாக அடித்தால் அதன் தள்ளு ஏறக்குறைய 49 டன். காற்று 72 கிலோமீட்டர் ஆனால் 98 டன் இல்லை, 196 டன். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வது இந்த நாலு மடங்கைப் பார்த்தவர்கள் சொன்னது.

இதை எதிர்க்க முகப்பில் நாலு, பின்னால் நாலு, ஆக எட்டுக் கயிறு. ஒவ்வொன்றும் அறுவதற்கு 80 டன் வேண்டும். ஆனால் 80 வரை இழுக்க விடமாட்டார்கள். கயிறு சுற்றியிருக்கும் விஞ்சின் பிரேக்கை அதில் 60 சதவீதத்துக்கு, அதாவது 48 டன்னுக்கு வைப்பது வழக்கம். அதற்கு மேல் போனால் கயிறு அறாமல் பிரேக் வழுக்கிக் கொடுக்கும். எட்டும் நேர்குறுக்காக, படுத்த வாக்கில் கரைக்கு வந்தால் 384 டன். 196 டன் காற்றைத் தாராளமாகத் தாங்கும்.

நம் குட்டை மேடையில் நடப்பது வேறு. நீட்டிக்கொண்டிருக்கும் முகப்பிலிருந்து கயிறு கப்பலை ஒட்டினாற்போலச் சாய்ந்து வருகிறது. அந்தக் கோணம் 30 பாகை என்றால் இழுவையில் பாதிதான் கரைப்பக்கம் வேலை செய்யும். கப்பல் உயரமாக நிற்பதால் கயிறு மேலிருந்து கீழே 45 பாகை சரிவாகவும் இறங்குகிறது. அதனால் மிஞ்சியதில் 70 சதவீதம்தான் தேறும். 48 டன்னில் கரைக்கு வருவது 17 டன். எட்டுக் கயிறும் சேர்த்து 136. காற்று 196.

[திரையில்: 136 / 196]

இந்தக் கணக்குப்படி ஒரு கயிறுகூட அறாது. பிரேக்குகள் வழுக்க, கப்பல் மெல்ல மேடையை விட்டு விலகும்.

இதைப் பார்த்ததும் இன்னும் நாலு கயிறு போடலாமே என்று தோன்றும். எங்கள் கப்பலில் அதைத்தான் செய்தார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு துறைமுகத்தில், இதே மாதிரி முகப்பு நீட்டிய மேடையில், கடைசி போலார்டுக்குக் கூடுதலாக இரண்டு கயிறு இறக்கினோம். எங்கள் போசன், அதாவது மாலுமிகளின் தலைவர், தூத்துக்குடிக்காரர். அவர் என்னிடம், "கயித்த எண்ணாத தம்பி, அது போற தெசையப் பாரு" என்றார். மத்தியானம் காற்று ஏறியது. இருந்ததிலேயே குட்டையான கயிறு கிர்ரென்று முறுக்கிக் கத்த ஆரம்பித்தது. பக்கத்துக் கயிறு தொய்ந்து கிடந்தது. போசன் எல்லாரையும் பின்னால் துரத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குட்டைக் கயிறு அறுந்து, நாங்கள் நின்றிருந்த இடத்தில் தகட்டை அறைந்தது.

ஏன் குட்டைக் கயிறு மட்டும்? கப்பல் 30 சென்டிமீட்டர் நகர்கிறது என்று வையுங்கள். 60 மீட்டர் கயிற்றுக்கு அது அரை சதவீத நீட்சி. 20 மீட்டர் கயிற்றுக்கு ஒன்றரை சதவீதம். ஒரே வகைக் கயிறு என்றால் குட்டையானது மூன்று மடங்கு பாரம் சுமக்கிறது. நைலானையும் அதிகம் நீளாத எச்எம்பிஈ என்ற செயற்கை இழைக் கயிற்றையும் ஒரே திசையில் கலந்து கட்டினால் இதைவிட மோசம். நீளாதது எல்லாப் பாரத்தையும் தன் தலையில் வாங்கிக்கொள்ளும்.

அறுந்த கயிறு பற்றி ஒரு வார்த்தை. இழுபட்ட கயிற்றில் சேர்ந்திருக்கும் சக்தி முழுவதும் ஒரு நொடிக்குள் வெளியேறும். எச்எம்பிஈ கயிறு நீளாது, அதனால் அடிக்காது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2015 மார்ச்சில் பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவனில் 'ஸர்கா' என்ற 345 மீட்டர் எரிவாயுக் கப்பலைக் கட்டும்போது அந்த வகைக் கயிறு அறுந்து ஓர் அதிகாரியின் தலையில் படுகாயம் ஏற்பட்டது. முனையில் நீளும் துண்டு ஒன்றை இணைத்திருந்தால் எந்தக் கயிறும் திருப்பி அடிக்கும். கப்பல் வேலைக்குப் போகும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: தரையில் வண்ணம் அடித்துக் காட்டிய இடம் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். கயிறு இறுகியிருக்கும்போது அந்தத் தளம் முழுவதுமே ஆபத்து.

[காட்சி: குளத்தின் தென்கிழக்கு மூலை.]

அப்போது என்ன செய்யலாம்? திசையை மீட்க வேண்டும். அதற்குப் போலார்டை வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

மேடைக்கு வெளியே, முகப்புக்கு நேர் எதிரே, வெறும் கரையில் ஆழமாக அடித்தளம் போட்டு ஒரு தனித்தூண் நடலாம். ஓரத்திலிருந்து 30, 40 மீட்டர் உள்ளே தள்ளி நட்டால் இன்னும் நல்லது. கயிறு நீளமாகும், சரிவு குறையும், கோணம் நேராகும். ஒரே செலவில் மூன்று நோயும் தீரும். கரை இல்லாமல் தண்ணீராக இருந்தால் அங்கே தூண்கள் அடித்து மேலே சின்னக் கான்கிரீட் மேடை கட்டுவார்கள். அதற்கு டால்பின் என்று பெயர், கடலில் நீந்தும் டால்பினை நினைத்துக்கொள்ளாதீர்கள். கயிற்றின் கண்ணியைப் படகில் கொண்டுபோய் மாட்டுவார்கள்.

இந்த மூலையைப் பாருங்கள். தென்கரை முடிந்து கீழ்க்கரை குறுக்கே திரும்புகிறது. கப்பலின் முகப்பு இங்கே இருந்தால் கீழ்க்கரையில் கட்டலாமே? கட்டலாம், மூலையை ஒட்டியே கட்ட வேண்டும். கீழ்க்கரையில் முகப்புக்கு நேர் முன்னால் கட்டினால் கயிறு முன்னே மட்டும் இழுக்கும். அதையும் தாண்டி வடக்கே போனால் அந்தக் கயிறே முகப்பைக் கரையிலிருந்து பிரித்து இழுக்கும். நடு மண்டபத்தில் கட்டினாலும் அதே கதைதான்.

தூண் நட்டால் போதாது, அது பெயராமல் நிற்க வேண்டும். 2013 ஏப்ரல் 3-ல் அமெரிக்காவின் மொபீல் நகரில் பழுது பார்க்கக் கட்டியிருந்த 'கார்னிவல் டிரையம்ப்' என்ற பயணிகள் கப்பல் பலத்த காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. கரையிலிருந்த போலார்டுகளே பிடுங்கிக்கொண்டன. காவல் கூண்டில் இருந்த ஒரு தொழிலாளி தண்ணீரில் விழுந்து இறந்தார். கயிற்றைத் தடவிப் பார்ப்பவர்கள் போலார்டின் அடியில் இருக்கும் போல்ட்டையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் கப்பலில் உள்ள கயிறுகளையும் விஞ்சுகளையும் ஒழுங்காகச் சோதித்துப் பதிவு வைப்பது சர்வதேச விதியாகவே இருக்கிறது. கரைக்கு அந்த விதி எட்டாது.

இன்னொன்று. இழுவையைத் தானே சரிசெய்யும் தானியங்கி விஞ்சை மேடையில் கட்டியிருக்கும்போது அந்த நிலையில் விடக் கூடாது. முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து, கப்பல் மேடையோரமாகவே ஊர்ந்து போய்விடும். நீளம் பத்தாத இடத்தில் பத்து மீட்டர் ஊர்ந்தாலே போட்ட கணக்கு முழுவதும் வீண். பிரேக்கைப் போட்டுவிட்டு, சரக்கு இறங்கி கப்பல் உயர உயர ஆள்தான் போய்க் கயிற்றைத் தளர்த்த வேண்டும்.

தூண் நட இடமோ பணமோ இல்லாத துறைமுகம் என்றால் காற்றுக்கு வரம்பு வைக்க வேண்டும். நம் கணக்கில் 136 டன் தாங்கும் என்றால் மணிக்கு 60 கிலோமீட்டரில் கப்பல் விலகத் தொடங்கும். அதற்கு வெகு முன்னாலேயே, 45-லேயே சரக்கு வேலையை நிறுத்தி, ஏணியைத் தூக்கி, இழுவைப் படகைக் கூப்பிட்டுக் கப்பலைக் கரையோடு அழுத்தச் சொல்ல வேண்டும். வானிலை அறிக்கை அதற்கு மேல் காட்டினால் காற்று வருவதற்குள் கடலுக்குப் போய்விடுவதே பாதுகாப்பு. பலத்த காற்றில் கிளம்புவது கட்டி நிற்பதைவிடக் கஷ்டம்.

[காட்சி: கரைக் கல்தூண் ஒன்று. இரண்டு கயிறு, நுனியில் கண்ணி போட்டது.]

இடம் பத்தாத துறைமுகத்தில் கடைசி போலார்டு பெரும்பாலும் பக்கத்துக் கப்பலுக்கும் சேர்த்துத்தான். அவர்கள் கண்ணி ஏற்கெனவே கிடக்கிறது. நம் கண்ணியை அதன் மேல் போட்டுவிட்டால், அவர்கள் முதலில் கிளம்பும்போது நம்முடையதைக் கழற்றாமல் அவர்களுடையது வராது. காற்று அடிக்கும்போது யார் அதைக் கழற்றச் சம்மதிப்பார்கள்? அதனால் இப்படிச் செய்ய வேண்டும். இது அவர்கள் கண்ணி, வெள்ளைக் கயிறு. இது நம்முடையது, நீலம். நீலத்தை வெள்ளைக் கண்ணிக்குள் அடியிலிருந்து மேலே நுழைத்து எடுக்கிறேன். பிறகுதான் தூணில் மாட்டுகிறேன். இப்போது எதை வேண்டுமானாலும் முதலில் கழற்றலாம். வெள்ளையை உருவுகிறேன், பாருங்கள். நீலம் அப்படியே நிற்கிறது.