ஹில்லா, மவுண்டனா? ராயக்கோட்டையிலிருந்து ஓர் ஆங்கில வகுப்பு

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் தெரிகிறதே, அதுதான் ராயக்கோட்டைக் கோட்டை மலை. காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எடுத்துக்கொண்ட ஆங்கில வார்த்தை, ஹில்.

மலைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் மவுண்டன் என்பீர்கள், பாதிப் பேர் ஹில் என்பீர்கள். உயரமாக இருந்தால் மவுண்டன், குட்டையாக இருந்தால் ஹில் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பிரிட்டனில் 2000 அடி என்று ஒரு கணக்கு புழக்கத்தில் உண்டு. அதைத் தாண்டினால் மவுண்டன். சரி, அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டுப் பாருங்கள். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1345 மீட்டர். அது மவுண்டன். நம் தொட்டபெட்டா 2637 மீட்டர், ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அது நிற்கிற இடத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் நீல்கிரி ஹில்ஸ். ஊட்டி ஒரு ஹில் ஸ்டேஷன். மவுண்டன் ஸ்டேஷன் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதே ஆட்கள்தான் சென்னையில் சுமார் 300 அடி உயரமுள்ள பரங்கிமலையை செயின்ட் தாமஸ் மவுண்ட் என்று கூப்பிட்டார்கள்!

என் கணக்கு வேறு. பேருந்தில் ஏறிப் போய், டீ குடித்து, தங்கிவிட்டு வரலாம் என்று தோன்றுகிற இடமெல்லாம் அவர்களுக்கு ஹில். கயிறு கட்டி ஏற வேண்டியது மவுண்டன். அகராதி இதை ஒத்துக்கொள்ளாது, ஆனால் பேச்சில் பெரும்பாலும் சரியாக வரும். எழுதும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மவுண்ட் பெயருக்கு முன்னால் வரும், மவுண்ட் எவரெஸ்ட் மாதிரி. ஹில் பின்னால் வரும். தொடர்ச்சியாக நிறைய இருந்தால் ஹில்ஸ். பரங்கிமலை மாதிரி விலக்கும் உண்டு, அதைக் கேட்டால் பாடம் தாங்காது.

இப்போது சின்னதுகளுக்கு வருவோம். நம் பக்கம் எல்லாவற்றையும் மலை என்று சொல்லிவிட மாட்டோம். வத்தல்மலை, தீர்த்தமலை, சித்தேரி மலை, இதெல்லாம் மலை. ஊருக்குப் பக்கத்தில் முள்ளும் கல்லுமாக, ஆடு மேய்க்கிற உயரத்தில் நிற்பது கரடு. மொட்டையாக ஒரே கல்லாக இருந்தால் பாறை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை இருக்கிறதே, அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது. அவ்வளவு பழைய இடத்துக்கும் பெயர் பாறைதான், மலை கிடையாது. கரட்டுக்கு ஆங்கிலத்தில் நெருக்கமானது ஹில்லாக். நோல் என்றும் ஒன்று உண்டு, எழுதும்போது முன்னால் கே வரும், வாயில் வராது. அது புல் மூடிய, உருண்டையான சின்ன மேடு. 1963 இல் டாலஸில் கென்னடி சுடப்பட்ட செய்தியால் கிராஸி நோல் என்கிற சொல் உலகமெங்கும் பரவியது. கொட்டிக் குவித்த மேடு mount இல்லை, கடைசியில் t-க்குப் பதிலாக d வரும் mound. காதில் இரண்டும் ஒன்று போலவே விழும், அதனால் எழுத்தைப் பார்த்துப் படியுங்கள். நீளமாக முதுகெலும்பு போல ஓடினால் ரிட்ஜ்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு இன்னும் வசதி. கன்னடத்தில் பெட்டா, தெலுங்கில் கொண்டா, இரண்டும் வீட்டிலேயே கிடைக்கும். பெட்டமுகிலாளம் என்கிற மலைக் கிராமத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். தொட்டபெட்டா என்றாலே பெரிய மலை. கிரி என்றாலும் மலை. ஆனாலும் நாம் மேலகிரி மலை என்போம், ஆங்கிலத்தில் மேலகிரி ஹில்ஸ் என்போம். சிரிக்காதீர்கள், இங்கிலாந்தில் பென்டில் ஹில் என்று ஒன்று இருக்கிறது. பென் என்றால் பழைய கெல்டிக் மொழியில் மலை. அர்த்தம் மறந்து போய் அடுத்து வந்தவர்கள் பின்னால் ஹில் சேர்த்தார்கள், அது தேய்ந்து பென்டில் ஆனது. அதுவும் மறந்து மறுபடி ஒரு ஹில். ஆக அந்த மலைக்குப் பெயர் மலைமலைமலை!

இதைவிட எனக்குப் பிடித்தது டவுன். மேலே, கீழே என்கிற டவுன்தான். பழைய ஆங்கிலத்தில் டூன் என்றால் மலை. மலையிலிருந்து இறங்கி என்று சொல்லிச் சொல்லி, மலை காணாமல் போய், கீழே என்கிற பொருள் மட்டும் நின்றுவிட்டது. இன்றும் தெற்கு இங்கிலாந்தில் சவுத் டவுன்ஸ் என்றால் பள்ளம் இல்லை, சுண்ணாம்புக் குன்றுகள்.

அன்றாடப் பேச்சில் அப்ஹில் என்றால் கஷ்டம். அப்ஹில் டாஸ்க், அப்ஹில் பேட்டில் என்று செய்தியில் தினமும் வரும். டவுன்ஹில் என்றால் இரண்டு அர்த்தம், அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். இட் வென்ட் டவுன்ஹில் என்றால் நிலைமை மோசமானது. இட்ஸ் ஆல் டவுன்ஹில் ஃப்ரம் ஹியர் என்றால், இனிமேல் சுலபம் என்றும் இருக்கலாம், இனிமேல் சரிவுதான் என்றும் இருக்கலாம். சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் லாரி ஓட்டுநரிடம் கேட்டால் சந்தேகமே இல்லாமல் சொல்வார். தொப்பூர் கணவாயில் இறக்கம்தான் ஆளை வாங்குகிறது. டீசலை மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டால், கீழே வரும்போது பிரேக் பிடிக்காது.

நாட் எ ஹில் ஐ வுட் டை ஆன் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த விஷயத்துக்காக மல்லுக்கட்ட மாட்டேன் என்று அர்த்தம். மலையைப் பிடித்தால் சுற்று வட்டாரம் கைக்குள் என்று சண்டை போட்ட காலத்து வாடை அதில் அடிக்கிறது. நான் நிற்கிற இந்தக் கோட்டையையும் 1791 இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படை திப்புவிடமிருந்து பிடித்தது. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால், அதாவது இந்தத் தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம், முழுவதும் அவர்கள் கைக்குப் போனது.

கடைசியாக ஓவர் தி ஹில். வயதாகிவிட்டது, காலம் கடந்துவிட்டது என்று பொருள். நாமும் அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு என்போம், ஆனால் நம்முடையது காலத்தைச் சொல்வது, அவர்களுடையது ஆளைச் சொல்வது. மரியாதையான சொல் இல்லை. அலுவலகத்தில் யாராவது ஓய்வு பெறும்போது வாழ்த்து அட்டை எழுதச் சொன்னால், ஹேப்பி ரிடையர்மென்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.