பச்சைப் பட்டை பண்ணின அநியாயம்! டெல்லி குளிர்ல எங்க ஷட்டில் கதை

வணக்கம், வணக்கம்! எல்லாரும் சௌக்கியமா? சத்தம் தெளிவா கேக்குதா? போன வீடியோவுல மங்கி குல்லா வாயை மூடினதுல நான் பேசினது பாதி புரியலைன்னு அத்தனை பேர் சொன்னீங்க. அதான் இன்னைக்குக் கழட்டி வெச்சுட்டேன். காது விறைச்சுப் போச்சு, உங்களுக்காகத்தான்.

இன்னைக்கு மாடியில வடாம், வத்தல் எதுவும் கிடையாது. இன்னைக்கு நான் கோவமா இருக்கேன். கொஞ்சம் சந்தோஷமும் இருக்கு, ஆனா கோவம்தான் முதல்ல. இதைப் பாருங்க. ஏங்க, கேமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க, என் மூஞ்சியைக் காட்டாதீங்க, கையைக் காட்டுங்க. ம். பேட்மிண்டன் ஆடுற நைலான் ஷட்டில். அடியில தக்கை இருக்கு, அதைச் சுத்தி ஒரு பட்டை ஓடுது பாருங்க. இது பச்சை. இது நீலம். இது சிவப்பு. இந்தச் சின்ன பட்டைதான் என் மூணு வாரத்தைத் தின்னுது.

பழைய ஆளுங்களுக்குத் தெரியும், குளிர் எட்டிப் பாத்தாலே எங்க மயூர் விஹார்ல பார்க் பக்கத்து சிமெண்ட் தரையில கோர்ட் போட்டுருவோம். கோடு போடுறது என் டிபார்ட்மெண்ட். மார்கழியில வாசல்ல எப்படியும் கோலம் போடுறேன், அதே கோலமாவு டப்பாவோட இங்கயும் வந்துடுவேன். அரிசி மாவு இல்லை, கல்மாவு. போன வருஷம் அரிசி மாவுல போட்டு, அணில் வந்து சர்வீஸ் கோட்டைத் தின்னுட்டுப் போச்சே, அந்த வீடியோ பாத்திருப்பீங்க. டபுள்ஸுக்கு அகலம் 20 அடி, நீளம் 44 அடி. ஆறு கஜம் புடவை 18 அடி. அதனால ஒரு பழைய சுங்குடிப் புடவையை விரிச்சு, அதுக்கு மேல ரெண்டு அடி தள்ளி அகலத்தைக் குறிச்சுக்குவேன். எங்க வீட்டுக்காரர், அதான் நம்ம சார், இன்ச் டேப்பைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள என் கோர்ட் ரெடி.

ஆட்டம் காலையில கிடையாது. காலையில பனிமூட்டம், எதிர்ல நிக்கிறது சாரா லைட் கம்பமான்னே தெரியாது. சாயங்காலமும் வேண்டாம், பனி இறங்கி சிமெண்ட் வழுக்கும், இந்த வயசுல இடுப்பெலும்பு போனா அவ்வளவுதான். பதினொரு மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் வெயில் வரும் பாருங்க, அந்த வெயில்ல தான் எங்க மொத்தக் குளிர்காலமும் நடக்குது. அதுவும் சமீரைப் பாத்துட்டுதான் பேட்டைத் தொடுவோம். திருச்சியில என் தங்கச்சி போன்ல கேக்கிறா, "யாருக்கா அது, தினமும் சமீர் சமீர்ங்கிறே?"ன்னு. அது காத்து எவ்வளவு கெட்டுக் கிடக்குன்னு காட்டுற அரசாங்க ஆப்டி! அதுல நம்பர் 300ஐத் தாண்டினா ஆட்டம் கிடையாது, உள்ள உக்காந்து கேரம். எனக்குக் கேரம் பிடிக்காது. சார் ஸ்ட்ரைக்கரை அடிக்கிற முன்னாடி அஞ்சு நிமிஷம் யோசிப்பார். ரயில்வேயில ஃபைல் பாத்த பழக்கம்.

சரி, விஷயத்துக்கு வரேன். ஜனவரி பொறந்ததிலேர்ந்து தோல்வி, தோல்வி, தோல்வி. அந்தப் பக்கத்து பிளாக் சர்தார்ஜியும் அவர் மிஸஸும். அவருக்கு 71 வயசு, மூட்டுல பெல்ட் வேற. நான் பின்னாடிலேர்ந்து ஓங்கி அடிக்கிறேன், ஷட்டில் நடுவுல போய் "நான் வரலை"ன்னு இறங்குது. அங்கே அவர் நிக்கிறார், பட்டுன்னு கீழே தட்டிடறார். ஒரு நாள் 21க்கு 6. ஆறு!

சார் என்ன சொன்னார் தெரியுமா? கேமராவுக்குப் பின்னாடி நிக்கிறாரே இவர்தான். "வயசாயிடுச்சும்மா, கையில வலு போயிடுச்சு." வந்த கோவத்துக்கு அன்னைக்கு ரசத்துல உப்பே போடலை நான். ஆனா உள்ளுக்குள்ள பயம்தான். ராத்திரி படுத்துக்கிட்டு தோளைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். வங்கியில முப்பது வருஷம் லெட்ஜர் தூக்கின கை இது. எக்ஸ்ரே எடுக்கலாமான்னு கூட யோசிச்சாச்சு. தைலம் ரெண்டு பாட்டில் காலி.

அப்புறம் போன செவ்வாய்க்கிழமை. மாடியில வெயில்ல உக்காந்து வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருக்கேன். இங்க குளிர்ல கடலை, கஜக், ரேவடிங்கிற மிட்டாய்ங்க இல்லாம ஜனங்க பேசவே மாட்டாங்க. நான் கஜக் கட்சி, அதுவும் எள்ளு கஜக், ரேவடி பல்லை எடுத்துடும். கடலைத்தோலைப் போட ஒரு டப்பா வேணும்னு காலி ஷட்டில் டப்பாவை எடுத்தேன். கண்ணாடி போட்டிருந்தேன், அதனால படிச்சேன். பச்சை, ஸ்லோ, 22லேர்ந்து 33 டிகிரி. நீலம், மீடியம், 12லேர்ந்து 23. சிவப்பு, ஃபாஸ்ட், 0லேர்ந்து 13. அன்னைக்கு எங்க மாடித் தெர்மாமீட்டர் 11 காட்டுது. நான் வெச்சு ஆடினது? பச்சை!

குளிர்ல காத்து அடர்த்தியாயிடும், ஷட்டிலைப் பிடிச்சு இழுக்கும். அதனால குளிருக்குன்னு வேகமா போற ஷட்டில் தனியா செய்யறாங்க. நான் வேனக்காலத்து ஷட்டிலை வெச்சு ஜனவரியில மல்லுக்கட்டியிருக்கேன். என் தோள்மேல என்ன தப்பு?

"அவங்களும் அதே ஷட்டில்லதானே ஆடினாங்க?"ன்னு சார் கேக்கிறார். கேப்பார். அவங்க நெட்டு கிட்டயே நின்னு தட்டுற ஆளுங்க, பின்னாடிலேர்ந்து தூக்கி அடிக்கிறது நான் ஒருத்திதானே! அடி எனக்குத்தான்.

சும்மா சொல்லலை, சோதிச்சும் பாத்துட்டேன். அதுக்கு ஒரு முறை இருக்கு. பின் கோட்டுல நின்னு, கீழேர்ந்து முழு வீச்சா மேல் நோக்கி அடிக்கணும். ஷட்டில் எதிர்ப்பக்கத்துப் பின் கோட்டுக்கு 53 சென்டிமீட்டர்லேர்ந்து 99 சென்டிமீட்டர் வரைக்கும் முன்னாடி விழுந்தா சரியான வேகம். பச்சையை அடிச்சேன். சார் டேப்பைப் பிடிச்சார். ஒரு மீட்டர் 60 முன்னாடியே விழுந்தது. திரும்ப அடிச்சேன், ஒரு மீட்டர் 70. சார் வாயைத் திறக்கலை. அந்த அமைதி இருக்கே, கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நான் கேட்ட நல்ல பதில் அதுதான்.

கடைக்குப் போனேன். எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பையன், "ஆன்ட்டிஜி, சப் ஏக் ஹி ஹை, சிர்ஃப் கலர் கா ஃபர்க்." எல்லாம் ஒண்ணுதானாம், கலர்தான் வேறயாம்! டப்பாவைத் திருப்பி அந்த எழுத்தைக் காட்டினேன். அவன் படிக்கிறான், நான் நிக்கிறேன், பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. மாத்தித் தர முடியாதுன்னுட்டான், உடைச்ச டப்பா. இருங்க, விலை சொல்லலையே. ஆறு ஷட்டில், 1,060 ரூபா. ஒண்ணு 176 ரூபா சொச்சம். அந்தக் காசுக்கு எங்க தெருமுனையில சர்க்கரைவள்ளிக்கிழங்கை நெருப்புல சுட்டு, மசாலா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தர்றாரே, குடும்பமே சாப்பிடலாம். பேரம் பேசி ஒரு சிவப்பு டப்பாவும் ஒரு நீல டப்பாவும் வாங்கினேன், மொத்தத்துல 80 ரூபா குறைச்சேன். 120 கேட்டேன்.

இறகு ஷட்டில் வாங்கலாமேன்னு கேப்பீங்க. வாத்து, இல்லேன்னா பெரிய வாத்து இறகு, 16 இறகு, மொத்த எடையே அஞ்சு கிராம் பக்கம்தான். சிமெண்ட் தரையில எங்க ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாங்காது. வெளியில காத்து வேற அடிக்கும். பென்ஷன்ல அது கட்டுப்படியாகாது.

அட, ஞாயித்துக்கிழமை கதையை விட்டுட்டேன். பென்ஷன் கோஷ்டியோட சுந்தர் நர்சரி பார்க் போனோம். நிஜாமுதீன் பாலம் தாண்டினா ஹுமாயூன் சமாதி பக்கத்துலயே இருக்கு, 90 ஏக்கர், சீர்படுத்தி 2018ல திறந்தாங்க. புல்லுல ஜமக்காளம் விரிச்சு, புளியோதரை, தயிர்சாதம், மாவடு. சர்தார்ஜி மிஸஸ் சர்சோங் சாக், அதான் கடுகுக்கீரை மசியல், கொண்டு வந்தாங்க. மாவடுவை அவங்க எடுத்துக்கிட்டாங்க, சாகை நான் எடுத்துக்கிட்டேன். எனக்குப் பிடிக்காத ஒண்ணே ஒண்ணு, கல்யாண போட்டோ எடுக்க வர்ற ஜோடிங்க. அந்த நடு வாய்க்கால் ஓரத்துல ஒரு அடி நடக்க விட மாட்டாங்க. சர்தார்ஜி மிஸஸ்கிட்ட ஷட்டில் விஷயத்தை நான் மூச்சு விடலை. ரகசியம்.

திங்கட்கிழமை சிவப்பை எடுத்துட்டுப் போனேன். 12 டிகிரி, லேசா பனி. டாஸ் ஜெயிச்சு, சூரியன் முதுகுப்பக்கம் வர்ற சைடு எடுத்தேன். குளிர்காலத்துல சூரியன் தெக்கே தாழ்ந்து நிக்குமே, தெக்குப் பார்த்து நிக்கிறவங்களுக்கு மேல பாத்தாலே கண்ணு கூசும். நானே சர்வீஸ். முதல் அடி, சர்தார்ஜி தலைக்கு மேல போச்சு. பின்னாடி போய் விழுந்தது. அவர் திரும்பிப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார், "பாபிஜி, க்யா காயா ஆஜ்?" இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கிறார். பொங்கல்! பிள்ளையார் கோவில் பொங்கல், நெய் ஒழுக ஒழுக! நிஜமாவே காலையில சாப்பிட்டேன், கம்பளி சாக்ஸோட பிரதட்சிணம் பண்ணிட்டு. சாக்ஸ் போட்டா தப்பான்னு அர்ச்சகர்கிட்ட கேட்டதுக்கு அவர் தன் காலைக் காட்டினார்.

21க்கு 17. நாங்க. சொல்றேன்ல, நாங்க! ஆனா புதன்கிழமை வெயில் பளிச்சுன்னு 19 டிகிரி ஆயிடுச்சு, சிவப்பு கோட்டைத் தாண்டித் தாண்டிப் பறக்குது, தோத்துட்டோம். அன்னைக்கு நீலம் எடுத்துருக்கணும். இனிமே புடவைக்கு பிளவுஸ் பாக்கிற மாதிரி தெர்மாமீட்டரைப் பாத்து பட்டை எடுக்கணும். சார் அதுக்கு ஒரு நோட்டே போட்டுட்டார். தேதி, டிகிரி, கலர், ஸ்கோர். ஃபைல் புத்தி.

மிச்சம் இருக்கிற பச்சை நாலு. ஏப்ரல்ல ஆடலாம்னா அந்த வெயில்ல இங்க யாரு வெளியில வருவா? சென்னையில எங்க அண்ணா ஆடுறார், அங்கே ஜனவரியே பச்சைக்கு ஏத்த காலம்தான். மாடி வீட்டு மாமா நாளைக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல போறார், அவர் பையில ஒரு ஓரமா வெச்சாச்சு. அண்ணாகிட்ட இலவசம்னு சொல்லலை. நாலுக்கும் சேத்து 700 ரூபா அனுப்பச் சொல்லியிருக்கேன். இன்னும் வரலை. அண்ணா, இந்த வீடியோ பாத்தா அனுப்பிடுங்க, சரியா? ஏங்க, போதும், நிறுத்துங்க, பதினொண்ணாயிடுச்சு, அவங்க நெட்டு கட்டிட்டாங்க.