நீல மூடி ரியூப்பும் ஃபக்டர் ரிப்போட்டும்

வணக்கம். ரேடியோவுக்குப் பக்கத்தில இருக்கிற அம்மாமார், ஐயாமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். வருசம் பிறந்து மூண்டு நாள் போட்டுது, இண்டைக்கு ஏப்ரல் 17, உலக ஹீமோபீலியா நாள், ரத்தம் லேசில உறையாமல் ஒழுகிற பரம்பரை வருத்தம் அது, அதுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கினம். நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணத்தில ஆஸ்பத்திரி லாப்பில முப்பது வருசத்துக்கு மேல ரத்தம் பாத்து பென்சன் எடுத்த ஆள். ஆனா இப்பவும் சனம் ரிப்போட்டை மடிச்சு ஷொப்பிங் பையுக்க வைச்சுக்கொண்டு வீட்டு கேற்றைத் தட்டும். போன மாசமும் ஒரு அம்மா வந்தவா, மோனுக்குப் பல்லுப் புடுங்க முதல் எடுத்த ரெஸ்ற், ரத்தத்தை உறைய வைக்கிற சாமான்களில ஒண்டான ஃபக்டர் எட்டு 62 எண்டு கிடக்கு, "ஐயா, நூறுக்கு அறுபத்திரண்டுதானே எடுத்திருக்கிறான், மிச்சம் முப்பத்தெட்டுக்கு ஊசி போடவேணுமோ?" எண்டு கண் கலங்கிக் கேக்கிறா.

எங்கட ஊரில எந்த நம்பரைக் கண்டாலும் சோதனைப் புள்ளி மாதிரித்தான் பாப்பம். அவாவில பிழையில்லை, அதை ஒருத்தரும் இருத்திச் சொல்லிக் குடுக்கேல்லை. அதால அதையே முதல்ல சொல்லுறன்.

அந்தக் காலத்தில அரிசி அளக்க வீட்டில கொத்து இருந்ததெல்லே. ஒரு கொத்து எண்டால் எல்லாருக்கும் ஒரே கொத்து. அது மாதிரித்தான் இதுவும். சுகதேகிகளாய் இருக்கிற கனபேரின்ர பிளாஸ்மாவை, அதுதான் ரத்தத்தில இருக்கிற மஞ்சள் தண்ணியை, ஒண்டாக் கலந்து, அதில ஒரு மில்லிலீற்றரில இருக்கிற ஃபக்டரின்ர வேலையை நூறு எண்டு வைச்சிருக்கினம், அதை ஒரு யூனிற் எண்டும் சொல்லுவினம். உங்கட பிள்ளையின்ர ரத்தத்தை அந்தக் கொத்தோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் 62 எண்டு எழுதுறது. நல்ல சுகமா ஓடித்திரியிற ஆக்களுக்கே ஏறக்குறைய 50 இல இருந்து 150 வரைக்கும் எங்கையும் இருக்கலாம். 62 எடுத்த பிள்ளைக்கும் 120 எடுத்த பிள்ளைக்கும் காயம் பட்டால் ரத்தம் நிக்கிறதில ஒரு வித்தியாசமும் தெரியாது. ஊசியும் தேவையில்லை. ஆனா கீழ வர வரக் கதை மாறும், கீழ ஒவ்வொரு நம்பரும் பெரிய விசயம். ஒண்டுக்குக் குறைஞ்சால் கடும் ஹீமோபீலியா, அடி ஒண்டும் படாமலே முழங்கால், முழங்கை, கணுக்கால் எண்டு மூட்டுக்குள்ள ரத்தம் கசிஞ்சு வீங்கும். ஒண்டில இருந்து அஞ்சுக்குள்ள எண்டால் நடுத்தரம், சின்ன அடிக்கே கசியும், சும்மா இருக்கக் கசியிறது குறைவு. அஞ்சுக்கு மேல நாப்பதுக்குக் கீழ எண்டால் மெல்லிய வகை, அந்தப் பிள்ளை கிரிக்கெற் விளையாடி, சைக்கிளால விழுந்தெழும்பி வளர்ந்திருக்கும், பல்லுப் புடுங்கேக்கயோ ஒப்பரேசனிலயோதான் முதன்முதலாத் தெரியவரும். அரைக்கும் மூண்டுக்கும் உள்ள இடைவெளி பேப்பரில பாக்கச் சின்னன், பிள்ளையின்ர முழங்காலுக்கு அது பெரிய இடைவெளி.

சரி, இந்த நம்பரை லாப்பில எப்பிடி எடுக்கிறது எண்டு பாப்பம். ரத்தம் உறையிறதுக்கு பதின்மூண்டு வரைக்கும் நம்பர் போட்ட ஃபக்டர் இருக்கு, அதில ஆறாம் நம்பரைப் பிறகு எடுத்துப்போட்டினம், ஆனபடியால் பன்ரெண்டுதான். முதல்ல செய்யிறது பி.ரி எண்டும் ஏ.பி.ரி.ரி எண்டும் ரெண்டு ரெஸ்ற், எத்தினை செக்கனில உறையுது எண்டு பாக்கிறது. பி.ரி சரியா இருந்து ஏ.பி.ரி.ரி நீண்டால், எட்டு ஒன்பது பதினொண்டு பன்ரெண்டு எண்ட பக்கத்தில ஏதோ குறை, அல்லது ஏதோ ஒண்டு தடுக்குது. அதைப் பிரிக்கிறதுக்கு பிள்ளையின்ர பிளாஸ்மாவையும் நல்ல பிளாஸ்மாவையும் பாதிக்குப் பாதி கலந்து பாப்பம். சரியா வந்தால் குறை, வராட்டித் தடை. இந்தக் கலக்கிற யோசினையாலதான் எட்டு குறைஞ்சது, ஒன்பது குறைஞ்சது எண்டு ரெண்டு ஹீமோபீலியா இருக்கெண்டே கண்டுபிடிச்சவை, ஒரு நோயாளியின்ர ரத்தம் இன்னொரு நோயாளியின்ர குறையைச் சரிசெய்தது. 1952இல எழுதின கட்டுரையில வந்த சின்னப் பெடியன்ர குடும்பப் பேர் கிறிஸ்மஸ், அதாலதான் ஒன்பதாம் ஃபக்டர் குறைஞ்ச வருத்தத்தைக் கிறிஸ்மஸ் வருத்தம் எண்டுறது, நத்தாருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

குறை எண்டு தெரிஞ்சால் பிறகுதான் ஃபக்டர் ரெஸ்ற். இதை நான் கூழ் வைச்சுத்தான் விளங்கப்படுத்துறனான். ஒடியல் கூழுக்கு மீன், நண்டு, றால், பயத்தங்காய், பிலாக்கொட்டை, புளி, மிளகாய் எல்லாம் போட்டுக் கொதிக்க விட்டாச்சு, ஆனா ஒடியல் மா மட்டும் போடேல்லை. அது எவ்வளவு நேரம் கொதிச்சாலும் தண்ணியாத்தான் கிடக்கும். லாப்பில அப்பிடி ஒரு பிளாஸ்மா போத்தல் வைச்சிருக்கிறம், எட்டு மட்டும் இல்லை, மிச்சம் எல்லாம் இருக்கு. அதுக்குள்ள பிள்ளையின்ர பிளாஸ்மாவை நல்லாத் தண்ணியாக்கிச் சொட்டு விட்டால், இறுகிறதுக்கு வேண்டிய மா அந்தப் பிள்ளையிட்ட இருந்து மட்டும்தான் வரவேணும். கெதியா இறுகினால் கனக்க இருக்கு, சுணங்கினால் குறைவு. தெரிஞ்ச அளவுகளை வைச்சுக் கீறின கோட்டில அந்தச் செக்கனைப் பிடிச்சு நம்பரை வாசிக்கிறது, அவ்வளவுதான். இப்ப மெசின் செய்யும். நாங்கள் தொடங்கின காலத்தில கண்ணாடி ரியூப்பை 37 பாகை தண்ணிக்குள்ள வைச்சு, எடுத்துச் சரிச்சு, திருப்பி வைச்சு, ஒரு கையில நிறுத்தற் கடிகாரம், நூல் மாதிரி ஒரு வெள்ளை தெரியிற அந்தக் கணத்தில அமத்தவேணும். யாழ்ப்பாணத்தில கறண்ட் இல்லாத வருசங்களில மண்ணெண்ணெய் குக்கரில தண்ணி வைச்சு, தெர்மாமீற்றரைப் பாத்துப் பாத்துப் பச்சைத் தண்ணி கலந்து பி.ரி செய்திருக்கிறன். ஃபக்டர் ரெஸ்ற் அப்பிடிச் செய்யேலாது, அதுக்கு வேண்டிய போத்தல்களே வராது.

இனித்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்த விசயம். ரிப்போட்டில வாற நம்பர் லாப்பில தொடங்கிறதில்லை, ஊசி குத்திற கதிரையில தொடங்குது. உந்த ரெஸ்ற்றுக்கு எடுக்கிறது இளநீல மூடி போட்ட ரியூப். அடியில கொஞ்சம் தண்ணி மாதிரிக் கிடக்கும், அது சிற்றேற், ரத்தத்தில இருக்கிற கல்சியத்தைப் பிடிச்சு வைச்சு உறையாமல் பாக்கிற சாமான். கணக்கு என்னெண்டால் ஒரு பங்கு சிற்றேற்றுக்கு ஒன்பது பங்கு ரத்தம். ரியூப்பில ஒரு கோடு கீறிக் கிடக்கும், அந்தக் கோடு மட்டும் ரத்தம் வரவேணும். குழந்தை அழுது உதறுது, நரம்பு அம்பிடேல்லை, பாதி ரியூப்பில விட்டிட்டு இது காணும் எண்டு அனுப்பினால் சிற்றேற் கூடிப்போச்சு, ரத்தம் ஐதாப்போச்சு, நல்ல பிள்ளைக்கும் உறையிற நேரம் நீண்டு ஃபக்டர் குறைஞ்ச மாதிரித்தான் வரும். எடுத்த உடன ரியூப்பை மெதுவா மூண்டு நாலு தரம் தலைகீழாப் பிரட்டவேணும், குலுக்கக்கூடாது. பிரட்டாட்டி உள்ளுக்குள்ள ஒரு சின்னக் கட்டி பிடிச்சிடும், கட்டி பிடிக்கேக்கயே ஃபக்டர் செலவழிஞ்சு போடும். நான் ஒவ்வொரு ரியூப்பையும் திறந்து மரக்குச்சியால ஒருக்கா மெதுவாத் துழாவிப் பாப்பன், குச்சி நுனியில ஒரு மெல்லிய நார் கொழுவினால் அந்த ரத்தத்தை நான் தொடமாட்டன், திருப்பி எடுங்கோ எண்டு எழுதி விட்டிடுவன். வோர்ட்டில பேச்சு விழும், தாய்மாரும் பேசுவினம், ஏன் பிள்ளையை ரெண்டாந்தரமும் குத்திறியள் எண்டு. பிழையான நம்பரோட அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் திரியிறதை விட ஒரு குத்துக் கூடக் குத்திறது நல்லதெண்டு இண்டைக்கும் நினைக்கிறன்.

ஐஸ் விசயமும் சொல்லவேணும். தீவுப் பக்கத்துத் தகப்பன் ஒராள், மோனுக்கு மூக்கால ரத்தம் வாறது, ஒரு இடத்தில ரத்தம் எடுத்து அவரிட்டயே குடுத்து விட்டிருக்கினம். அந்த மனுசன் பழுதாப்போகக்கூடாது எண்டு கவனமா ரெஜிபோம் பெட்டிக்குள்ள ஐஸ் நிரப்பி, அதுக்க ரியூப்பைப் புதைச்சு, விடியக்காலமை வள்ளத்தில ஏறி, குறிகாட்டுவானில இறங்கி பஸ் பிடிச்சு, மத்தியானம் போல கொண்டுவந்து தந்தார். மீன் கொண்டுவாற ஆக்கள் அப்பிடித்தானே செய்வினம், அவருக்கு எப்பிடித் தெரியும். ஆனா முழு ரத்தத்தை ஐஸில வைச்சால் எட்டாம் ஃபக்டரும், அதைத் தூக்கித் திரியிற வொன் வில்பிராண்ட் ஃபக்டரும் குறைஞ்சு காட்டும். சாதாரண அறைச் சூட்டில வைச்சு, நாலு மணித்தியாலத்துக்குள்ள லாப்பில பாக்கவேணும், ஏலாட்டி மெசினில சுத்தி பிளாஸ்மாவைப் பிரிச்சு உறைய வைச்சு அனுப்பவேணும். அண்டைக்கு நம்பர் 34 எண்டு வந்தது. ஐஸில வந்த ரத்தம் எண்டு எழுதி, திருப்பிக் கூட்டிவரச் சொன்னன். ரெண்டு கிழமையால பெடியனையே கூட்டி வந்தார், லாப் வாசலில வைச்சு எடுத்து அந்தச் சூட்டோட பாத்தம், 81. அந்த மனுசன் வாங்கில இருந்து முகத்தைச் சால்வையால மூடிக்கொண்டு அழுதார். அந்த ரெண்டு கிழமையும் அந்த வீட்டில ஒருத்தரும் வடிவாச் சாப்பிட்டிருக்கமாட்டினம். பாதை பூட்டிக் கிடந்த காலத்தில, 2006க்குப் பிறகு, கொழும்புக்கு ஒண்டையும் நம்பி அனுப்பேலாமல் இருந்ததையும் நினைச்சுப் பாக்கிறன், இப்ப அனுப்ப வழி இருக்கேக்க நாங்கள் கவலையீனமா இருக்கக்கூடாது.

ரத்தம் சரியா எடுத்தாலும் உடம்பே நம்பரை ஏத்தி இறக்கும். எட்டாம் ஃபக்டர் காய்ச்சலுக்கு ஏறும், ஓடிக் களைச்சால் ஏறும், பிள்ளை பயந்து கத்தி அழுதாலும் ஏறும், கர்ப்பத்தில நல்லா ஏறும். அதால மெல்லிய குறை உள்ள ஒரு ஆள் அண்டைக்கு நோர்மல் எண்டு வரலாம், ஒருக்காப் பாத்திட்டு விடக்கூடாது. ஓ குறூப் ஆக்களுக்கு மற்றவையை விடக் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும், அது வருத்தமில்லை. ஒன்பதாம் ஃபக்டர் பிறந்த பிள்ளைகளுக்கு இயல்பாவே குறைவு, பெரியாக்களின்ர அளவுக்கு வர ஆறு மாதம் மட்டும் எடுக்கும், அதால பச்சைப் பிள்ளையின்ர 25ஐப் பாத்து நெஞ்சில அடிக்காதையுங்கோ, வளர விட்டுத் திருப்பிப் பாக்கவேணும். ரத்தம் கட்டாமல் இருக்க வாபரின் மருந்து குடிக்கிற ஆக்களுக்கு ரெண்டு, ஏழு, ஒன்பது, பத்து எல்லாம் குறையும், அது மருந்தின்ர வேலை.

இன்னொண்டு, பி.ரியும் ஏ.பி.ரி.ரியும் சரி எண்டால் எல்லாம் சரி எண்டில்லை. தொப்புள் கொடி விழுந்த இடத்தில நாள் கணக்காக் கசிஞ்சு, ரெஸ்ற் எல்லாம் நோர்மல் எண்டு வீட்டுக்கு அனுப்பின பிள்ளையள் இருக்கினம். பதின்மூண்டாம் ஃபக்டர் குறைஞ்சால் அப்பிடித்தான். கதியால் நட்டு மட்டை வைச்சாலும் வரிச்சுப் பிடிச்சுக் கட்டாட்டி வேலி காத்துக்கு விழுந்திடும், பதின்மூண்டுதான் அந்த வரிச்சு. மற்ற ரெஸ்ற் ரெண்டும் உறையிற மட்டும்தான் பாக்கும், இறுக்கிக் கட்டினதைப் பாக்காது, இதுக்குத் தனி ரெஸ்ற் கேக்கவேணும். சொந்தத்துக்குள்ள கலியாணம் செய்த வீடுகளில இது கூடத் தெரியவரும். மற்றப் பக்கம், ஏ.பி.ரி.ரி நல்லா நீண்டிருக்கும், பன்ரெண்டாம் ஃபக்டர்தான் குறைவு, அந்த ஆளுக்கு ரத்தம் ஒழுகிற வருத்தமே இல்லை. லூப்பஸ் எண்ட தடை இருந்தாலும் நீளும், ஆனா அவைக்கு ரத்தம் கட்டிப்போறதுதான் ஆபத்து. அந்தத் தடையைப் பிடிக்கிற ரெஸ்ற்றில ஊத்திறது எங்கட வயலுக்க கடிக்கிற புடையன் பாம்பின்ர விசம், ஐதாக்கிச் சின்னப் போத்தலில வரும். 1934இல இங்கிலாந்தில மக்பார்லேன் எண்டவர் ஹீமோபீலியா ஆக்களின்ர காயத்துக்கு இதே விசத்தை ஐதாக்கிப் பூசி ரத்தத்தை நிப்பாட்டினவர்.

பொம்பிளைப் பிள்ளையளைப் பற்றிச் சொல்லாமல் போகமாட்டன். ஹீமோபீலியா ஆம்பிளைப் பிள்ளைக்கு மட்டும் எண்டு நினைச்சு, தமையனுக்குப் பாத்திட்டுத் தங்கச்சியை விட்டிடுறம். அவளும் அந்தக் குறையைக் காவலாம், அவளின்ர ஃபக்டரும் நாப்பதுக்குக் கீழ இருக்கலாம், மாத சுகயீனத்துக்குப் பத்து நாள் படுத்துக் கிடக்கிறதுக்குக் காரணம் அதுவா இருக்கலாம். நம்பர் நோர்மல் எண்டாலும் காவேல்லை எண்டு சொல்லேலாது, அதுக்கு மரபணு ரெஸ்ற் வேணும். கலியாணப் பேச்சுக் குழம்பும் எண்டு ரிப்போட்டை அலுமாரிக்கு அடியில ஒளிச்சு வைக்கிற தாய்மாரை எனக்குத் தெரியும், அவையின்ர பயமும் விளங்குது. ஆனா பிள்ளைப்பெறு வோர்ட்டில அந்த ரிப்போட் இல்லாட்டி அவளும் குழந்தையும்தான் அந்தரப்படப்போகினம். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லாட்டியும் பரவாயில்லை, டொக்டருக்குச் சொல்லுங்கோ.

கடைசியா, ஃபக்டர் ஊசி ஏத்திற பிள்ளையளின்ர தாய் தகப்பனுக்கு. உடம்பு நிறையில ஒரு கிலோவுக்கு ஒரு யூனிற் எட்டாம் ஃபக்டர் ஏத்தினால் ஏறக்குறைய ரெண்டு வீதம் ஏறும். இருபது கிலோப் பிள்ளைக்கு 500 யூனிற் போத்தல் எண்டால் 50 மட்டில வரவேணும். அரை மணித்தியாலத்தில எடுத்த ரத்தத்தில 15 தான் எண்டால் உடம்பு அந்த மருந்தை எதிர்க்கத் தொடங்கியிருக்கலாம், அந்த எதிர்ப்பைப் பாக்கிற இன்கிபிற்றர் ரெஸ்ற் கேளுங்கோ. எட்டு பன்ரெண்டு மணித்தியாலத்தில ஏத்தினதில பாதி போயிடும், அதால எத்தினை மணிக்கு ஊசி, எத்தினை மணிக்கு ரத்தம் எடுத்தது எண்டு ரெஸ்ற் துண்டில எழுதாட்டி அந்த நம்பரை ஒருத்தராலயும் வாசிக்கேலாது. எமிசிசுமாப் எண்ட புது மருந்து போடுற பிள்ளை எண்டால் அதைக் கட்டாயம் எழுதுங்கோ, அது ஏ.பி.ரி.ரியை நோர்மலாக் காட்டி எட்டையும் பொய்யா ஏத்திக் காட்டும், அதுக்கு வேற முறையில செய்யவேணும். நேர்ஸ் எழுத மறந்தால் நீங்களே பேனை வாங்கி எழுதுங்கோ, ஊசி மருந்தின்ர பேர், எத்தினை யூனிற், மணி. அந்தத் துண்டைக் கையில எடுத்து வாசிக்கிற லாப்காரர் அங்க இருக்கினம்.