ஒரு கவுளி வெத்தலையும் 3டி மேமோகிராமும்

வணக்கம்ங்க. முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, மேமோகிராம், அதாவது மார்புல கேன்சர் இருக்கான்னு பாக்குற எக்ஸ்ரே, அதை எடுக்குற டெக்னீசியன். பதினேழு வருஷமா அதே ஏசி ரூம், மார்பை அமுக்கிப் பிடிக்கிற அதே ரெண்டு பிளேட்டு. 3டி மேமோகிராம் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க, படிச்சவங்க பேச வேண்டியதை நான் பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க, ஐம்பது ஐம்பத்திரெண்டு வயசு இருக்கும். வேற இடத்துல சாதா மேமோகிராம் எடுத்து, இடது பக்கம் வெள்ளையா ஏதோ இருக்கு, 3டி எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பியிருக்காங்க. உள்ள வந்ததும் என்ன கேட்டாங்க தெரியுமா, “கண்ணாடி குடுப்பியாம்மா?” நான் சிரிச்சிட்டேன். அப்புறம் யோசிச்சா அந்தப் பேரே சரியில்லதான், படம் ஒண்ணும் திரையில இருந்து எந்திரிச்சு வரப்போறது இல்லையே. இதோட நிஜப் பேரு டோமோசிந்தசிஸ். வாயில நுழையாதுன்னுதான் எல்லாரும் 3டின்னு ஆக்கிட்டாங்க.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். சாதா மேமோகிராம்ங்கிறது ஒரு கவுளி வெத்தலையைப் பிரிக்காம அப்படியே வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, இதுல எந்த இலை அழுகியிருக்குன்னு பார்க்குற மாதிரி. நடுவுல ஒண்ணு அழுகியிருந்தா மத்த இலை அதை மறைச்சிடும், அது ஒரு ஆபத்து. இன்னொண்ணு இருக்கு, எல்லா இலையும் நல்லாத்தான் இருக்கும், ஆனா நாலஞ்சு நரம்பு ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து அழுகல் மாதிரியே காட்டும். மார்புலயும் அதே கதைதான், நாலஞ்சு சென்டிமீட்டர் கனத்துல இருக்குற சதை மொத்தமும் ஒரே படத்துல வந்து விழுது. 3டில கவுளியைப் பிரிச்சு ஒவ்வொரு இலையா புரட்டலாம்.

பிரிக்காமலே எப்படி பிரிக்குதுன்னு கேப்பீங்க. உங்க கட்டைவிரலை மூக்குக்கு முன்னாடி நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால பாருங்க, அப்புறம் மாத்திப் பாருங்க. வண்டி ஓட்டிக்கிட்டு கேக்குறவங்க மட்டும் வேண்டாம். விரல் குதிக்குது, பின்னாடி சுவத்துல இருக்குற காலண்டர் அவ்வளவா நகரல, இல்லையா? அதேதான். எக்ஸ்ரே ட்யூப் மார்புக்கு மேல ஒரு வில்லு மாதிரி நகரும், நகந்துக்கிட்டே குறைஞ்ச கதிர்வீச்சு டோஸ்ல வரிசையா படம் எடுக்கும். ஒரு கம்பெனி மெஷின்ல 15 டிகிரிக்குள்ள 15 படம், நாலு செகண்டுக்குள்ள முடிஞ்சிடும், இன்னொண்ணுல 50 டிகிரி, 25 படம், அதுக்கு நேரம் கூட ஆகும். எந்தப் புள்ளி எவ்வளவு நகந்துச்சுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அது எந்த ஆழத்துல இருக்குன்னு பிரிச்சு, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு படம்னு அடுக்கிக் குடுக்கும்.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரில டேனியல் கோபன்ஸ்னு ஒரு டாக்டரும் அவரு கூட்டாளிங்களும் 90கள்லயே இதுக்காக மெனக்கெட்டாங்க. மெஷினுக்கு எஃப்டிஏ, அதான் அங்க மருந்து, மருத்துவ மெஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்குற அரசு அமைப்பு, அதோட அனுமதி கிடைச்சது 2011 பிப்ரவரிலதான், நடுவுல டிஜிட்டல் தகடும் கம்ப்யூட்டரும் இதுக்குத் தோதா வளர வேண்டியிருந்துச்சு.

சரி, பலன் என்ன? நார்வேல ஓஸ்லோவுல 12,631 பெண்களுக்கு சாதா படத்தையும் 3டியையும் சேர்த்துப் பார்த்தாங்க, 2013ல வந்த ரிசல்ட். சாதால ஆயிரத்துக்கு 6.1 பேருக்கு கேன்சர் கண்டுபிடிச்ச இடத்துல ரெண்டும் சேர்ந்தப்போ 8 பேரு. அடுத்த வருஷம் அமெரிக்காவுல 13 சென்டரோட நாலரை லட்சம் படக் கணக்கு வந்துச்சு, அதுல எனக்கு முக்கியமாப் படுறது வேற ஒரு நம்பர். சந்தேகம்னு திரும்பக் கூப்பிட்டது, 3டியும் சேர்த்தப்போ, ஆயிரத்துக்கு 107 பேருல இருந்து 91 ஆ குறைஞ்சிருக்கு. பதினாறு பேருதானேன்னு தோணும். திரும்ப வாங்கன்னு போன் வந்த அன்னைக்கு ராத்திரி அந்தப் பதினாறு வீட்லயும் யாரு தூங்கியிருப்பா? ரூம் வாசல்ல அந்த முகங்களைப் பார்க்குறவ நான், அதான் சொல்றேன்.

குறை இல்லாம இல்ல. பிளேட்டு அமுக்குறது அப்படியேதான் இருக்கு, 3டின்னா வலிக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சதை விரிஞ்சாதான் படம் தெளியும், டோஸும் குறையும். சாதாவும் 3டியும் ரெண்டுமே எடுத்தா கதிர்வீச்சு கிட்டத்தட்ட ரெட்டிப்பு ஆகும், அதுக்காக 3டி அடுக்குல இருந்தே ஒரு சாதா படத்தை கம்ப்யூட்டரே உருவாக்குற சாஃப்ட்வேர் 2013ல வந்துச்சு. டாக்டருக்கு பாக்குற நேரமும் கூடும், முன்னாடி நாலு படம், இப்போ ஒரு ஆளுக்கே இருநூறு. நார்வேலயே பெர்கன்ல பண்ணின இன்னொரு ஆய்வுல கேன்சர் கண்டுபிடிச்ச எண்ணிக்கைல பெருசா வித்தியாசமே இல்ல. சாவு குறையுதாங்கிறது பெரிய கேள்வி, கூடுதலா கண்டுபிடிக்கிறது வேற, உயிர் பொழைக்கிறது வேற. டிஎம்ஐஎஸ்டின்னு ஒரு லட்சத்துக்கும் மேல பெண்களைச் சேர்த்து பெரிய ஆய்வு ஓடிக்கிட்டு இருக்கு, முத்தின கேன்சர் குறையுதான்னு அதுல பாக்குறாங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், என் பொழப்புக்கே எதிராப் பேசுறேன்னு ஆஸ்பத்திரில திட்டுவாங்க. மும்பைல டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி டாக்டருங்க ஒன்றரை லட்சம் பெண்களை வெச்சு 20 வருஷம் பார்த்து 2021ல எழுதினாங்க. மெஷினே இல்ல, பயிற்சி குடுத்த சுகாதாரப் பெண்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் கையால மார்பைத் தடவிப் பாத்தாங்க. ஐம்பது வயசுக்கு மேல இருந்தவங்கள்ல மார்பகப் புத்துநோய் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சிருக்கு. 3டி எங்க கிடைக்கும்னு தேடிக்கிட்டு ஆறு மாசம் உக்காந்திருக்காதீங்க. கட்டி கையில தட்டுப்பட்டா நாளைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க.

படம் எடுக்க வரும்போது பவுடர், டியோடரன்ட் போட்டுட்டு வராதீங்க, அந்தத் துகள், சில கேன்சர்ல தெரியுற சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே படத்துல விழுந்து எல்லாரையும் கலவரப்படுத்தும். ரெண்டு பீஸ் டிரெஸ்ஸா வாங்க. பழைய படம் இருந்தா பீரோ மேல இருந்து எடுத்துட்டு வாங்க, கசங்கியிருந்தாலும் பரவால்ல, போன தடவை அது அங்க இருந்துச்சான்னு பாக்குறதுதான் பாதி வைத்தியம்.

அந்த அம்மா விஷயத்துக்கு வரேன். செயினைக் கழட்டுங்கம்மான்னதும் முகம் மாறிடுச்சு. தாலி. இருவத்தெட்டு வருஷமா கழட்டினதில்லையாம். இது தினம் நடக்குறதுதான், நான் கட்டாயப்படுத்த மாட்டேன், அப்படியே முதுகுப் பக்கம் தள்ளி மைக்ரோபோர் பிளாஸ்திரி போட்டு ஒட்டிட்டேன். தோளைத் தளர்த்தச் சொல்லி, பிளேட்டை இறக்கி, மூச்சைப் பிடிங்கன்னேன், ட்யூப் நகந்துச்சு, முடிஞ்சிடுச்சு.

டாக்டர் மானிட்டர்ல மவுஸை உருட்டி ஒவ்வொரு அடுக்கா இறங்கினாரு, நான் பின்னாடி நின்னேன். சாதா படத்துல கட்டி மாதிரி இருந்த அந்த வெள்ளை கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சுது. மேல ஒரு அடுக்குல ஒரு கீத்து, ரொம்பக் கீழ வேற அடுக்குல இன்னொரு கீத்து, நடுவுல ஒண்ணுமே இல்ல. வெத்தலை நரம்பு மாதிரியே ரெண்டு கீத்து ஒண்ணுமேல ஒண்ணு விழுந்திருக்கு, அவ்வளவுதான். அல்ட்ராசவுண்டும் பண்ணிப் பார்த்தாரு, சுத்தம். அடுத்த வருஷம் வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

வெளிய வந்து சொன்னேன், ஒண்ணும் இல்லம்மான்னு. ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு, முதுகுப் பக்கம் கையை விட்டுத் துழாவிக்கிட்டே கேட்டாங்க, “அப்போ இந்தப் பிளாஸ்திரியைப் பிச்சு விடுறியா கண்ணு?”