கொடுத்தது யார், கேட்பது யார்? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் இரண்டு முடிச்சுகள்

(திருகோணமலையில் பொதுமக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையில் இருக்கும் பெரியோருக்கும், சட்டம் படிக்கும் தம்பி தங்கையருக்கும், கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருக்கும் வர்த்தகர்களுக்கும் வணக்கம்.

திருகோணமலையில் நின்றுகொண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். சீனக்குடாப் பக்கம் போய் எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். 2022 ஜனவரியில் அவற்றுக்காகச் செய்த உடன்பாட்டில் ஒரு தரப்பு லங்கா ஐஓசி, இந்தியன் ஆயிலின் பிள்ளை நிறுவனம். அது பெரிய இடத்து விவகாரம், விடுங்கள். தூத்துக்குடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ சாமான் எடுக்கிற நம்முடைய கடைக்காரருக்கு வருகிற ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். ‘இந்த ஒப்பந்தம் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டது’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். விலையை நான்கு தரம் பார்ப்பவர்கூட அந்த வரியைப் பார்ப்பதில்லை. அந்த வரி இருந்தால், நமக்குப் பழக்கமில்லாத இரண்டு கேள்விகளுக்கு நாம் பதில் சொல்ல வேண்டி வரும். வாக்குக்கு மாற்றாக என்ன கொடுக்கப்பட்டது? வழக்குப் போட வந்திருப்பவர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பா?

முதல் கேள்விக்கு உரியது மறுபயன். கன்சிடரேஷன் என்று சட்டத்தரணிமார் சொல்வது இதைத்தான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 செப்டெம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2(டி) பிரிவு சொல்வதைச் சுருக்கிச் சொல்கிறேன்: வாக்குக் கொடுத்தவரின் விருப்பத்தின்பேரில், வாக்கைப் பெற்றவரோ வேறு எவரோ ஒன்றைச் செய்திருந்தால், செய்யாமல் விட்டிருந்தால், அல்லது செய்வதாக உறுதி சொன்னால், அதுவே மறுபயன். இதில் ‘விருப்பத்தின்பேரில்’ என்பதையும் ‘வேறு எவரோ’ என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்த இரண்டையும் சுற்றித்தான் போகும்.

‘விருப்பத்தின்பேரில்’ என்பதற்கு 1880இல் அலகாபாத்தில் தீர்ந்த துர்கா பிரசாத் வழக்கு நல்ல உதாரணம். கலெக்டர் சொன்னார் என்பதற்காக ஒருவர் சொந்தக் காசில் சந்தை கட்டினார். பிறகு அங்கே கடை போட்ட வியாபாரிகள், விற்பனையில் உமக்குக் கமிஷன் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள், கொடுக்கவில்லை. அவர் வழக்குப் போட்டுத் தோற்றார். சந்தை கட்டியது உண்மை, செலவழித்ததும் உண்மை. ஆனால் அந்த வியாபாரிகள் கேட்டுக் கட்டவில்லையே, கலெக்டர் கேட்டுக் கட்டியது. வாக்குக்கும் செலவுக்கும் இடையே முடிச்சு விழவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த வழக்கு 1886இல் கல்கத்தாவில் நடந்தது. ஹவுராவில் நகர மண்டபம் கட்டப் பணம் திரட்டினார்கள். கோரி முகம்மது என்பவர் பட்டியலில் 100 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டார். பட்டியல் நிரம்பியதைப் பார்த்து ஒப்பந்தகாரரை அமர்த்தினார்கள். 26,000 ரூபாயில் தொடங்கிய திட்டம் 40,000 வரை வளர்ந்தது. பிறகு மனிதர் கையை விரித்துவிட்டார். மண்டபத்தால் அவருக்குத் தனியாக என்ன லாபம், மறுபயன் எங்கே என்பது அவர் பக்கத்து வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்தக் கையெழுத்தை நம்பித்தான் கட்டட வேலையைக் கொடுப்பார்கள் என்று தெரிந்தே போட்டீர், அவர்களும் அப்படியே பொறுப்பில் மாட்டிக்கொண்டார்கள், அதுவே போதும் என்றது. 100 ரூபாய் கட்ட வேண்டி வந்தது.

நம்மூரில் திருப்பணிக் கொப்பியில் பெயர் எழுதாதவர் யார்? தேர் செய்ய, கோபுரம் கட்ட, பள்ளிவாசல் திருத்த, எல்லாவற்றுக்கும் ஒரு கொப்பி வரும். நாலு பேர் பார்க்க எழுதிய தொகை பிறகு பாதியாகி வருவதும் நமக்குப் புதிதல்ல. இந்தியச் சட்டப்படி எழுதியதெல்லாம் கடனா என்றால், இல்லை. 1914இல் அதே அலகாபாத்தில் அப்துல் அஸீஸ் வழக்கில், பள்ளிவாசல் திருத்த வேலைக்கு 500 ரூபாய் தருவதாகச் சொன்னதை வசூலிக்க முடியாது என்று தீர்ப்பானது. அங்கே அந்த வாக்கை நம்பி யாரும் வேலையில் இறங்கியிருக்கவில்லை. ஹவுராவில் இறங்கிவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இது சரியான கோடு என்றே நான் நினைக்கிறேன். வெறும் பெருமைப் பேச்சுக்கெல்லாம் நீதிமன்றம் ஏறினால் ஊர் தாங்காது. ஆனால் அந்தப் பேச்சை நம்பி இன்னொருவர் செலவில் இறங்கிவிட்டால் பாரம் பேசியவர் தலையில்தான் விழ வேண்டும்.

மறுபயன் எவ்வளவு பெறுமதியாக இருக்க வேண்டும் என்பதில் சட்டம் தலையிடுவதில்லை. 1,000 ரூபாய் பெறும் குதிரையை 10 ரூபாய்க்கு விற்க மனதார ஒத்துக்கொண்டால் அது செல்லும் என்று 25ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. நெருக்கி எழுதி வாங்கினார்களா என்று நீதிபதி சந்தேகப்பட அந்த 10 ரூபாய் காரணமாகலாம், அது வேறு கதை. மறுபயனே இல்லாமல் செல்லக்கூடிய வாக்குகளும் அதே பிரிவில் இருக்கின்றன. நெருங்கிய உறவினர்களுக்குள் அன்பினால் எழுதிப் பதிவு செய்தது, முன்பு தானாகச் செய்த உதவிக்குக் கைமாறாகச் சொன்னது, காலாவதியான கடனைக் கட்டுவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டது. முதலாவதில் ஒரு வேடிக்கை உண்டு. 1900இல் ராஜலக்கி தேவி வழக்கில், கணவனும் மனைவியும் ஓயாமல் சண்டை போட்டுப் பிரியும்போது கணவன் எழுதிப் பதிவு செய்து கொடுத்த பத்திரம் செல்லாமல் போனது. அந்தப் பத்திரத்தை முழுக்கப் படித்தும் அன்பைக் காணவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, இப்போது ‘வேறு எவரோ’ என்பதற்கு வருவோம். ஆங்கிலச் சட்டத்தில் மறுபயன் வாக்கைப் பெற்றவரிடமிருந்தே வர வேண்டும். இந்தியச் சட்டம் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. 1881இல் சென்னை ஹைகோர்ட்டில் வந்த சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கில் ஒரு தாய் தன் காணிகளை மகளுக்குப் பதிவுசெய்த நன்கொடைப் பத்திரத்தால் கொடுத்தார். நான் இதுவரை என் உடன்பிறப்புக்குக் கொடுத்துவந்தது போல வருடாவருடம் 653 ரூபாய் நீயும் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மகள் அதே நாளில் அந்த உறவினருக்கு ஒரு ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தார். பிறகு கொடுக்கவில்லை. கேட்டால், உங்களிடமிருந்து எனக்கு ஒரு சதமும் வரவில்லையே, காணி தந்தது அம்மா அல்லவா என்றார். தந்தது அம்மா என்றாலும் போதும், பத்திரமும் ஒப்பந்தமும் ஒரே கொடுக்கல் வாங்கல்தான் என்று தீர்ப்பு வந்தது. நொத்தாரிசிடம் போய்க் காணி உறுதி எழுதிய எவரும் இந்த வழக்கின் சாரத்தை ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் சறுக்குவது இதில்தான். அந்த உறவினர் வென்றதற்கு மகள் நேரே அவருக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தமே வழி திறந்தது. பணம் எங்கிருந்து வந்தாலும் வாக்கு அவருக்கே கொடுக்கப்பட்டது. தாயும் மகளும் மட்டும் பேசி முடித்திருந்தால் இரண்டாவது முடிச்சு இறுகியிருக்கும். ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் அதன்மேல் வழக்குப் போட முடியாது என்ற விதி அது. பிரிவிட்டி என்பார்கள். 1872 சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவும் கிடையாது. ஆங்கிலத் தீர்ப்புகளிலிருந்து இந்திய நீதிபதிகள் கொண்டுவந்து வைத்தது.

ஆங்கிலத் தீர்ப்பில் பேர்போனது 1861இல் வந்த ட்வெடில் எதிர் அட்கின்சன். மாப்பிள்ளையின் தகப்பன் 100 பவுண், பெண்ணின் தகப்பன் 200 பவுண் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதென்று சம்பந்திகள் இருவரும் எழுதிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வழக்குப் போடலாம் என்றுகூட எழுதியிருந்தது. பெண்ணின் தகப்பன் கொடுக்காமலே காலமானார். மாப்பிள்ளை வழக்குப் போட, நீர் இதில் மூன்றாமவர், உம்மிடமிருந்து மறுபயனும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சீதனப் பேச்சில் உட்கார்ந்த நம்மவர்களுக்கு இதைக் கேட்கச் சிரிப்பு வரும். கலியாணப் பேச்சில் மாப்பிள்ளையும் பெண்ணும் மூன்றாமவர்களாம்!

இந்தச் சிரிப்பு நீதிபதிகளுக்கும் வந்திருக்க வேண்டும். 1910இல் ஹுஸைனி பேகம் வழக்கு, அந்நாளில் கடைசி மேன்முறையீட்டைக் கேட்ட லண்டன் சபையான பிரிவி கவுன்சிலுக்குப் போனது. மணமக்கள் இருவரும் சிறுவயதினர். மருமகளுக்கு மாதம் 500 ரூபாய் கைச்செலவுக்குத் தருவதாக மாமனார் பெண்ணின் தகப்பனோடு 1877இல் ஒப்பந்தம் செய்து, அதற்கு ஆதனத்தையும் பொறுப்பாக வைத்தார். பிற்காலத்தில் பேகம் வழக்குப் போட்டபோது, ஒப்பந்தத்தில் நீ இல்லையே என்றார் மாமனார். நீதிபதி சையத் அமீர் அலி அதை ஒதுக்கித் தள்ளினார். பெற்றோர் பேசிக் கலியாணம் செய்துவைக்கும் சமூகத்தில் அந்த ஆங்கில விதியை அப்படியே பொருத்தினால் பெரிய அநியாயம் நடக்கும் என்றார். மருமகள் வென்றார்.

அப்படியானால் விதி போய்விட்டதா? இல்லை. அடுத்த வருடமே, 1911இல், ஜம்னா தாஸ் வழக்கில் அதே பிரிவி கவுன்சில் விதியைப் பிடித்துக்கொண்டது. ஈடு வைத்த காணியை வாங்கியவர், ஈட்டுக் கடனை நானே அடைக்கிறேன் என்று விற்றவரிடம் சொன்னார். கடன் கொடுத்தவர் அந்த வாக்கை வைத்து வாங்கியவர்மேல் வழக்குப் போட முடியவில்லை. 1969இல் இந்தியாவின் உச்ச நீதிமன்றமும் சாக்கோ வழக்கில், ஒரு குடும்பப் பத்திரத்தில் கடனைப் பற்றி எழுதியிருந்தும் அதில் தரப்பாக இல்லாத வங்கிக்கு அதை அமல்படுத்த உரிமை இல்லை என்றது. நம்பிக்கைப் பொறுப்பு (இன்னொருவர் நன்மைக்காக ஆதனத்தை வைத்திருக்கும் டிரஸ்ட்), ஆதனத்தின்மேல் பொறுப்பு, குடும்ப ஏற்பாடு, கலியாண ஏற்பாடு ஆகியவற்றுக்கு மட்டும் வாசல் உண்டு. பாதி அவிழ்த்து பாதியை விட்டுவைத்த வேலை என்றுதான் நான் இதைச் சொல்வேன். காசு யாரிடமிருந்து வந்தாலும் பரவாயில்லை என்று தாராளம் காட்டிய சட்டம், பயன் யாருக்கென்று எழுதப்பட்டதோ அவர் வாசலில் வந்து நின்றால் ஏன் கதவைச் சாத்த வேண்டும்?

நம் நாட்டுப் பக்கம் வந்தால் கதை வேறு. கோட்டையைத் திருத்திக் கட்டி ஆண்ட ஒல்லாந்தர் போய்விட்டாலும் அவர்களுடைய உரோமன் டச்சுச் சட்டம் இங்கே பொதுச் சட்டமாக நின்றுவிட்டது. அதற்கு மறுபயன் தேவையில்லை; நியாயமான காரணமும் மனப்பூர்வமான நோக்கமும் இருந்தால் போதும். 1918இல் ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில், ஒழுக்கக் கடமையை நினைத்துக் கொடுத்த வாக்குக்கூடச் செல்லும் என்று பிரிவி கவுன்சிலே தீர்ப்பளித்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தீர்ப்புச் சொன்னது லண்டனில் இருந்த அதே சபை, ஆனால் சட்டம் இரண்டு. மூன்றாமவருக்காகச் செய்த ஒப்பந்தத்தை அவர் ஏற்றுக்கொண்டால் தானே வழக்காடலாம் என்பதும் இங்கே உண்டு. காசோலை, மாற்றுண்டியல் விஷயத்தில் மட்டும் நாமும் ஆங்கில வழியில் போகிறோம், அங்கே மறுபயன் கேட்பார்கள்.

இந்தியாவின் சட்ட ஆணைக்குழு 1958இல் தன் 13ஆவது அறிக்கையில், பயன்பெறும் மூன்றாமவருக்கு வழக்குரிமை கொடுக்கும் ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னது. சேர்க்கவில்லை. விதியைப் பெற்றெடுத்த இங்கிலாந்தே 1999இல் தனிச் சட்டம் போட்டு அதைத் தளர்த்திவிட்டது. நுகர்வோருக்கு மட்டும் இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு வழி செய்திருக்கிறது. பழுதான பொருளால் கெடுதி வந்தால், தான் நேரே வாங்காத உற்பத்தியாளர்மேலும் முறையிடலாம்.

ஆகவே மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்து, கொழும்பு முகவர் மூலம் ஒரு சென்னைக் கம்பனியின் இயந்திரத்தை எடுக்கிறவர் என்ன செய்யலாம்? கம்பனிக்கும் முகவருக்கும் இடையிலான தாளில் ‘பாவிப்பவருக்கு உத்தரவாதம்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். உத்தரவாதத்தை உங்கள் பெயருக்கே, கம்பனியின் கையெழுத்தோடு தனியாக வாங்குங்கள். அதற்கு நீங்கள் காசு கொடுக்காவிட்டாலும் முகவர் கொடுத்தது மறுபயனாக நிற்க இடமுண்டு. சின்னய்யா வழக்கு அதற்குத்தான். கம்பனி தர மறுத்தால், உத்தரவாதத்தை முகவரிடமே எழுத்தில் வாங்கி, அந்தத் தாளில் இலங்கைச் சட்டம் என்று போடச் சொல்லுங்கள். பழுது வந்தால் முதலில் அவர் பதில் சொல்லட்டும், கம்பனியோடு அவர் பார்த்துக்கொள்ளட்டும். இனி உங்கள் கேள்விகளுக்குப் போகலாம்.